மங்கலாக எழுதிய ஆறு இலக்கம்

இதனால் உலக மக்கள் யாவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், திங்கட்கிழமை காலை பத்தரை மணியோடு நாடுகளுக்கு நடுவே இருந்த எல்லைகள் யாவும் ஒழிக்கப்பட்டன. ஒழித்தவர், தபாலில் மூக்குக் கண்ணாடி விற்கும் ஒரு கம்பெனியின் வடிவமைப்புத் தலைவர். ஒழிக்கப் பயன்பட்ட ஆயுதம், பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட ஒரு படிவம்.

இந்த அறிவிப்பு நான்காவது மாடி மீட்டிங் ரூமில், ஒரு கேக்கின் முன்னிலையில் வாசிக்கப்பட்டது. கேக்கின் மேல் பூமி உருண்டையை நீலத்திலும் பச்சையிலும் வரைந்திருந்தார்கள். தலைவர் கத்தியை இறக்கியதும் ஒரு கண்டம் முழுசாகக் கத்தியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்டத்தை நக்கிவிட்டு அவர் பேச்சைத் தொடர்ந்தார்.

ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயர் 'உலகம்'. கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது என்று போய்ச் சொன்னாலும் "உலகத் தரத்துல யோசிங்க" என்பார். குழாய் அதற்குப் பிறகும் ஒழுகும், சொன்னவர்தான் யோசித்துக்கொண்டு திரும்புவார்.

"இனிமே எந்த நாட்டுக்காரரும் நம்ம வெப்சைட்டுக்கு வரலாம். முகவரி போடலாம், கண்ணோட பவரைப் போடலாம், கண்ணாடி வீடு தேடிப் போயிடும். ஒரே படிவம், ஒரே உலகம்!"

எல்லாரும் கை தட்டினார்கள். டெஸ்டர் தட்டவில்லை. படிவத்தில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்து நாற்பத்தோரு பிழை எழுதிக் கொடுத்திருந்தாள். நாற்பத்தொன்றுக்கும் எதிரே 'தேவையில்லை' என்று எழுதி முடித்து வைத்திருந்தார் உலகம். ஒவ்வொன்றாகப் படித்து எழுதியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

"சார், தபால் எண் கட்டத்துல ஆறு இலக்கம் போடலேன்னா படிவம் நகர மாட்டேங்குது" என்றாள்.

"அதான் பக்கத்துல சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கே. கட்டாயம்னு அர்த்தம்."

"தபால் எண்ணே இல்லாத நாடுங்க இருக்கு சார்."

உலகம் சபையைப் பார்த்துச் சிரித்தார். சபை அவரைப் பார்த்துச் சிரித்தது. "தபால் எண் இல்லாம ஒரு நாடா? அப்ப அங்க லெட்டரெல்லாம் எப்படிப் போகும், மோப்பம் பிடிச்சிக்கிட்டா?"

"தபால்காரருக்கு வீடு தெரியும் சார். எங்க அக்கா அங்கதான் இருக்கா."

"உங்க அக்காவை நல்ல நாடா பாத்துக் குடி போகச் சொல்லுங்க."

இதற்கு மற்றவர்களைவிட உரக்கச் சிரித்தவர் டெவலப்பர். படிவத்துக்கு நிரல் எழுதியவர். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, 'சரிங்க சார்'. அதற்கு விளக்கம் தேவைப்படாது.

டெஸ்டர் விடவில்லை. "வீட்டு நம்பர் பன்னெண்டு பை நாலுன்னு போட்டேன். நடுவுல இருந்த கோட்டை முழுங்கிட்டு நூத்து இருபத்து நாலுன்னு ஆக்கி வெச்சிருக்கு."

"அது பிழை இல்லம்மா, சுத்தம்" என்றார் உலகம். "எழுத்தும் எண்ணும் தவிர வேற எதுவும் உள்ள நுழையக் கூடாது. சாய்ஞ்ச கோடு, படுத்த கோடு, கூட்டல், கழித்தல் எல்லாம் குப்பை. ஹேக்கருங்க அது வழியாத்தான் வருவாங்க. பக்கம் முழுக்க, பன்னெண்டு கட்டத்துக்கும் ஒரே சட்டம். என்னப்பா?"

"சரிங்க சார்" என்றார் சரிங்க சார்.

"பயனருக்கு வழி காட்டவும் செஞ்சிருக்கோம். தபால் எண் கட்டத்துக்குள்ள ஒரு உதாரண எண்ணை மங்கலா எழுதிவெச்சிருக்கோம். நம்ம ஆபீஸ் எண்ணுதான். அது என்னோட யோசனை."

அதற்கும் ஒரு கைதட்டல் விழுந்தது. டெஸ்டருக்கு வந்த கேக் துண்டில் வெறும் கடல்தான் இருந்தது.

நான்கே நாளில் அதிசயம் நடந்தது. 'தபால் எண் தவறு' என்ற பிழைச் செய்தி திரையில் வருவது அடியோடு நின்றுபோனது. உலகம் அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து லிஃப்டுக்குள் ஒட்ட வைத்தார். கோடு மலையிலிருந்து இறங்கித் தரையில் படுத்திருந்தது. கீழே, 'பிழை: பூஜ்யம்'. ஏறும்போதும் இறங்கும்போதும் டெஸ்டர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

இருபத்து மூன்றாம் நாள் காலையில் அவளுடைய அக்கா போனில் கூப்பிட்டாள்.

அக்கா அந்தத் தபால் எண் இல்லாத நாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சுக்கு உதவியாள். முழு நர்ஸ் ஆக வேண்டுமானால் அந்த நாட்டுப் பரீட்சையில் தேற வேண்டும். இரண்டு தரம் எழுதியாயிற்று. மூன்றாவது தரம்தான் கடைசி, அதிலும் போனால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குத் தன் கைவிரல் தெரியாது, பவர் மைனஸ் பதினொன்று. போன மாதம் ஒரு நோயாளி புரண்டு படுத்தபோது முழங்கை பட்டு இருந்த ஒரே கண்ணாடியும் நொறுங்கிவிட்டது. அந்தப் பவருக்கு அங்கே சொல்லிச் செய்ய இரண்டு மாதம் ஆகும் என்றுவிட்டார்கள்.

"ஏண்டி, மூணு வாரத்துக்கு முந்தி உங்க கம்பெனியில கண்ணாடி வாங்கினேன். சேந்தாச்சுன்னு காட்டுது. யார்கிட்டடி சேந்துச்சு?"

"அடிப்பாவி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொன்னா, அந்தப் படிவத்தைத் தொடாதே, நானே அனுப்பறேன்னு குதிப்பே. எனக்கும் ஒரு படிவம் நிரப்பத் தெரியும்னு காட்ட வேணாமா?"

"தபால் எண்ணுக்கு என்னத்தப் போட்டே?"

"அதான் கட்டத்துக்குள்ளயே மங்கலா எழுதியிருந்துச்சே. போனை மூக்குல ஒட்டவெச்சு ஒவ்வொரு எண்ணாப் பாத்துப் போட்டேன். வேற எதைப் போட்டாலும் சிவப்பாத் திட்டுது. இதைப் போட்டதும் வாயை மூடிக்கிச்சு."

டெஸ்டருக்குப் பூஜ்யத்தின் ரகசியம் புரிந்தது. மூச்சு விடாமல் படியிறங்கி ஓடினாள்.

தரைத்தளத்தில், செக்யூரிட்டியின் மேஜைக்குப் பின்னால், இடுப்பளவு உயரத்துக்குப் பார்சல்கள் அடுக்கியிருந்தன. மேஜையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. டீயும் ஒரு பார்சலின் மேல்தான் இருந்தது.

"இதெல்லாம் என்னண்ணே?"

"உங்களதுதாம்மா. ரெண்டு வாரமா தினமும் வருது. பேரெல்லாம் படிச்சா நாக்கு சுளுக்குது. நாலாவது மாடிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அடுக்கி வையுங்கன்னாங்க. அடுக்கிட்டேன்."

விஷயம் இவ்வளவுதான். பார்சலின் மேல் ஒட்டும் சீட்டில் தபால் எண் பட்டைக் கோடுகளாக விழும். நாட்டின் பெயர் அடியில், எறும்புக்குப் பேர் வைத்த மாதிரி பொடி எழுத்தில் இருக்கும். கூரியர்காரர்களின் பிரிக்கும் எந்திரம் கோட்டை மட்டும் படிக்கும். தபால் எண் இல்லாத ஊர்க்காரர்கள் எல்லாரும் அக்கா மாதிரியே அந்த மங்கலான ஆபீஸ் எண்ணைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதனால் நாலாவது மாடியில் கட்டிய கண்ணாடிகள் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தரைத்தளத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. எல்லை ஒழிந்தது உண்மைதான்.

அக்காவின் பார்சல் டீக்கு அடியில் இருந்தது.

வெளியே எடுத்துப் போக கேட் பாஸ் வேண்டும். அதில் காரணம் எழுதி வடிவமைப்புத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். 'தவறான இடத்தில் சேர்க்கப்பட்டது' என்று எழுதி எடுத்துக்கொண்டு நாலாவது மாடிக்குப் போனாள். அங்கே உலகம் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றார். தலைமை அலுவலகத்திலிருந்து பார்வையாளர் குழு வரும் நாள் அது.

"ஒரே ஒரு கையெழுத்து சார். எங்க அக்காவுக்கு எட்டு நாள்ல பரீட்சை. இதுதான் கடைசித் தடவை. கண்ணாடி இல்லாம அவளால கேள்வியையே படிக்க முடியாது."

உலகம் தாளைப் படித்தார். "தவறான இடமா? இதுல கையெழுத்துப் போட்டா தப்பு நடந்ததுன்னு ஆயிடும்."

"நடந்திருக்கே சார்."

"இருபத்து மூணு நாளா பூஜ்யம் வெச்சிருக்கேன். அவங்க வர்ற அன்னைக்கா ஒண்ணு ஆக்கணும்?"

"கீழ முந்நூறு பார்சல் கெடக்கு சார்!"

"வாடிக்கையாளர் குடுத்த எண்ணுக்குத்தான் போயிருக்கு. படிவம் சரியாத்தான் இருக்கு. அதை நிரப்பறவங்கதான் சரியில்ல."

"அப்ப மனுசங்களை மாத்திடலாம் சார். ஒவ்வொருத்தர் நெத்தியிலயும் ஒரு சிவப்பு நட்சத்திரம் குத்தி விடுங்க."

"வெளிய போங்க."

"போறேன். அந்தக் கோட்டுல விலைச்சீட்டு தொங்குது. அதையாவது சுத்தம் பண்ணுங்க."

அவர் முதுகுப் பக்கம் தடவிக்கொண்டிருக்கும்போதே வெளியே வந்துவிட்டாள். ஆனால் கையில் இருந்த தாளில் கையெழுத்து இல்லை.

கீழே வந்தபோது சரிங்க சார் ஒரு பேனரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏணியில் நின்றார். பார்சல் மலைக்கு மேலே கட்டுவதற்கு. பேனரில் 'உலகம் நம் வாசலில்' என்று எழுதியிருந்தது. மலையை ஒளித்துவைக்க நேரமில்லாததால் அதையே காட்சியாக வைத்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

"உங்களுக்கே இது அசிங்கமா இல்லையா?" என்று டெஸ்டர் கேட்டாள்.

பழக்க தோஷத்தில் அவர் "சரிங்க" என்றார்.

செக்யூரிட்டி மேஜையில் பார்சலை வைத்தாள். "கேட் பாஸ் கிடைக்கலண்ணே."

"அப்ப குண்டூசி கூட வெளிய போகாதும்மா. கையைப் பாப்பேன், பையைப் பாப்பேன், டிபன் டப்பாவைத் திறந்து பாப்பேன். முப்பது பக்க ரூல் புஸ்தகம் குடுத்திருக்காங்க." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மூஞ்சியைப் பத்தி மட்டும் அதுல ஒண்ணும் எழுதல."

டெஸ்டர் பார்சலைப் பிரித்தாள். முகவரிச் சீட்டை மடித்து சுடிதார் பைக்குள் செருகினாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

உடனே எல்லாம் கலங்கி, ஊதிப் பெருத்தது. மேஜை மேல் இருந்த பேனா உலக்கையாகத் தெரிந்தது. காலடித் தரை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். அதே நேரத்தில் வாசல் வழியாகப் பார்வையாளர் குழு உள்ளே வந்தது. முன்னால் உலகம். கலங்கலுக்கு நடுவிலிருந்து அவர் முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கி வந்து அவள் மூக்குக்கு நேரே நின்றது.

"இவங்க யாரு?" என்று குழுத் தலைவி கேட்டாள்.

உலகத்துக்குக் கண்ணாடி அடையாளம் தெரிந்துவிட்டது. "நம்ம... ஊழியர். நம்ம கண்ணாடியைத்தான் போட்டிருக்காங்க."

"அட, சொந்தத் தயாரிப்பையே போடறீங்களா? எப்படி இருக்கு?"

"சாரைப் பெருசாக் காட்டுதுங்க" என்றாள் டெஸ்டர். "வேற ஒண்ணும் தெரியல."

குழு சந்தோஷமாகச் சிரித்தது. சிரித்துக்கொண்டே பார்சல் மலையைப் பார்த்தது. "இவ்வளவும் வெளிநாட்டு ஆர்டரா?"

"ஆமாங்க. எல்லாம் வெளிநாடுதான்" என்றார் உலகம். வாழ்நாளில் அவர் சொன்ன முழு உண்மைகளில் அது ஒன்று.

அவர்கள் மலைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது டெஸ்டர் கதவுச் சட்டத்தில் ஒரு தரமும், வெளியே பூந்தொட்டியில் ஒரு தரமும் மோதி, தெருவுக்கு வந்து, கண்ணாடியைக் கழற்றினாள். முழங்காலில் ரத்தம் வந்திருந்தது. வழியில் ஒரு கடையில் அட்டைப் பெட்டி வாங்கி, கண்ணாடியைத் தன் துப்பட்டாவில் சுற்றி உள்ளே வைத்தாள்.

தபாலாபீசில் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர் சாப்பிட்டு முடித்து பல் குத்திக்கொண்டிருந்தார். படிவம் எதையும் நீட்டவில்லை. ஒரு தடித்த பேனாவைத் தள்ளினார். "பெட்டி மேலயே எழுதுங்க. பெருசா."

அவள் எழுதினாள்: 'நீலத் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, சைக்கிள் ரிப்பேர் கடை மாடி, பச்சைக் கதவு. ஆஸ்பத்திரி அக்கா என்று கேட்டால் யாரும் சொல்வார்கள்.' கீழே போன் நம்பர், ஊர், நாடு.

அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "தபால் எண்?"

டெஸ்டர் பேனாவை மூடினாள். "அந்த நாட்டுல இல்லீங்க."

"இல்லேன்னா விடுங்க" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. நாற்பத்தோரு பிழை எழுதி, மூன்று வாரம் மல்லுக்கட்டி, முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு அவள் கேட்டது இந்த இரண்டு வார்த்தையைத்தான்.

பெட்டி ஏழாம் நாள், பரீட்சைக்கு முந்தின மாலை, பச்சைக் கதவுக்குப் போய்ச் சேர்ந்தது. தபால்காரர் மாடிப்படியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் கொடுத்திருக்கிறார்.

கண்ணின் பவருக்கான பன்னிரண்டாவது கட்டத்தில் அக்கா மைனஸ் பதினொன்று என்று ஒழுங்காகத்தான் போட்டிருந்தாள். கழித்தல் குறியைப் படிவம் சுத்தம் செய்துவிட்டது. வந்த கண்ணாடியின் பவர் பிளஸ் பதினொன்று.