தொண்ணூற்றாறு பச்சைப் புள்ளிகள்

பிறர் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன். வரைபடத்தில் ஒரு தூண் எங்கே நிற்க வேண்டும் என்று இருக்கும். தளத்தில் அது உண்மையில் எங்கே நிற்கிறது என்று சர்வேயர் அளந்து அனுப்புவார். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பேன். சரியாக உட்கார்ந்த புள்ளி பச்சையாகத் தெரியும், விலகிய புள்ளி சிவப்பாகத் தெரியும். சிவப்பைப் பார்த்தால் எனக்கு உள்ளூர ஒரு குஷி. யாரையாவது கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கலாம் அல்லவா? கிருஷ்ணபிரசாத் கையில் ஃபைல் போனால் தப்பிக்க முடியாது என்று ஆபீஸில் சொல்வார்கள். அதைக் கேட்டு நான் பூரித்துப் போயிருக்கிறேன்.

போன வருடம் டெல்லி ஜனக்புரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு இரும்புக் கட்டடம் எழுப்பினோம். மூன்றாவது மாடியில், கிழக்குக் கோடியிலிருந்து ஒரு நடைபாலம் இரண்டையும் இணைக்க வேண்டும். மொத்தம் இருபத்து நான்கு தூண்கள். ஒவ்வொரு தூணையும் பிடித்து நிறுத்த, அடியில் கான்கிரீட்டில் புதைத்த நான்கு போல்ட்டுகள். ஆக மொத்தம் தொண்ணூற்றாறு. போல்ட்டுகளைப் பதித்தது கான்ட்ராக்டரின் ஆட்கள். கான்கிரீட் இறுகிய பிறகு அவற்றை அளந்து எனக்கு அனுப்பியது லூர்துராஜ்.

லூர்துராஜ் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு சின்ன சர்வே கம்பெனியில் வேலை. கை சுத்தம், அளந்தால் அளந்ததுதான். ஆனால் இங்கிலீஷ் எழுத வராது, இந்தி நொண்டும். அதனால் எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் வாட்ஸாப்பில் தமிழில் பேசி அனுப்பிவிடுவார். ஆபீஸுக்கு வந்தால் வாசலிலேயே "வணக்கம் சார், சாப்பிட்டியளா?" என்று உரக்கக் கேட்பார். பக்கத்து மேஜைக்காரர்கள் "உங்க ஆள் வந்தாச்சு" என்று இந்தியில் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குக் கூசும். "அச்சா அச்சா, ஜல்தி சொல்லுங்க லூர்துராஜ்" என்று அவரை விரட்டுவேன்.

இத்தனைக்கும் நான் யார்? கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தும் தமிழை விடாதவன் என்று பெயர் எடுத்தவன். ஜனக்புரியில் பொங்கல் விழா என்றால் மைக் என் கையில்தான் இருக்கும். மேடையில் தமிழுக்காக உருகுகிற எனக்கு, ஆபீஸில் ஒரு மனிதர் தமிழில் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் மானம் போகிறது. இதை எழுதும்போதும் கூசுகிறது. ஆனால் இந்தக் கூச்சம் வேறு.

செப்டம்பரில் லூர்துராஜின் புள்ளிகள் வந்தன. போட்டுப் பார்த்தேன். மேற்குக் கோடியில் மட்டும் பச்சை. அங்கிருந்து கிழக்கே போகப் போகச் சிவப்பு. விலகல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசித் தூணில் அறுபத்து நான்கு மில்லிமீட்டர். கட்டடம் முழுவதையும் ஒரு மூலையில் பிடித்துக்கொண்டு லேசாகத் திருப்பி வைத்தது மாதிரி இருந்தது. இவ்வளவு ஒழுங்காக ஒரு விலகல் வந்தால், பெரும்பாலும் அளந்தவர் கருவியைத் தவறான குறியைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பார். போல்ட்டுகள் சரியாக இருக்கும், அளவுதான் தப்பாக இருக்கும். பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். அன்று அந்தப் 'பெரும்பாலும்' எனக்குத் தேவைப்படவில்லை. தப்பு லூர்துராஜுடையது என்று தீர்த்துவிட்டேன்.

சாஃப்ட்வேரில் 'பெஸ்ட் ஃபிட்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால், அளந்த புள்ளிகள் அத்தனையையும் மொத்தமாக நகர்த்தி, திருப்பி, வரைபடத்தின் மேல் எப்படி வைத்தால் கச்சிதமாகப் பொருந்துமோ அப்படி வைத்துவிடும். போல்ட்டுகள் ஒன்றுக்கொன்று சரியான தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க அது போதும். கட்டடம் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கும்போது அதைத் தொடவே கூடாது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நானே இதைப் பாடமாக எடுத்திருக்கிறேன். அழுத்தினேன். தொண்ணூற்றாறும் பச்சை. 'சர்வேயரின் பிழை சாஃப்ட்வேரில் சரிசெய்யப்பட்டது' என்று இங்கிலீஷில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அன்றைக்கே லூர்துராஜிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்திருந்தது. நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. அதில் ஒரு நிமிடம் குசல விசாரிப்பாக இருக்கும் என்று நினைத்துத் திறக்காமல் விட்டேன். பிறகு மறந்தும் போனேன்.

ஜனவரியில் நடைபாலத்தைக் கிரேன் தூக்கியது. நானும் போயிருந்தேன். பாலத்தின் இந்த முனை புதிய கட்டடத்தில் அழகாக உட்கார்ந்தது. அந்த முனை பழைய கட்டடத்திலிருந்த தாங்கியில் உட்காரவில்லை. நான்கு விரற்கடை பக்கவாட்டில் தள்ளி நின்றது. யாரோ டேப்பை நீட்டி, "சௌஸட் எம்.எம்." என்று மேலேயிருந்து கத்தினான். அறுபத்து நான்கு. செப்டம்பரில் கடைசித் தூணில் பார்த்த அதே எண்.

காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நான்கு மாதமாகத் திறக்காத அந்தச் செய்தியைத் திறந்தேன்.

"சார், வணக்கம். சாப்பிட்டியளா? வீட்டுல எல்லாரும் சொகந்தான? பாயின்ட் அனுப்பிருக்கேன் சார். செவப்பாத்தான் வரும். பாத்த ஒடன லூர்து தப்பா அளந்துட்டான்னுதான் தோணும். நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன், பாத்துக்கிடுங்க. மூணு நாளு, மூணு எடத்துல மிஷின வச்சுப் பாத்துட்டேன். ஒரே கணக்குதான் வருது. கேட்டுப் பக்கத்துல கான்ட்ராக்டரு குறிக்கு அடிச்சிருந்த ஆணிய தண்ணி லாரி இடிச்சிருக்கு சார். அத வச்சுத்தான் அவுக போல்ட்டு பதிச்சிருக்காக. போல்ட்டுதான் திரும்பியிருக்கு, நான் திரும்பல. பெஸ்ட் ஃபிட் மட்டும் போட்டுராதீங்க சார். போட்டா எல்லாம் பச்சையாயிரும். சந்தேகம்னா சொல்லுங்க, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வந்து நாலாந்தடவையும் அளந்து தாரேன்…"

இன்னும் இரண்டு நிமிடம் போயிற்று. ஆணி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று விளக்கியிருந்தார். ஒரு சொல்கூட எனக்குப் புரியாமல் போகவில்லை. கேட்டு முடித்தபோது செய்திக்குப் பக்கத்திலிருந்த சின்ன மைக் படம் நீலமாக மாறியிருந்தது. அனுப்பியவரின் போனிலும் அது நீலமாகும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் காலை மீட்டிங். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், மெட்ரோவில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேகூடப் போனேன். பிராஜெக்ட் மேனேஜர் மேதா புனேக்காரி. சத்தம் போடாமல் பேசுவாள், அதுவே பயமாக இருக்கும். என் ரிப்போர்ட்டைத் திரையில் போட்டிருந்தாள். 'சர்வேயரின் பிழை' என்ற வரிக்கு மஞ்சள் பூசியிருந்தது. லூர்துராஜையும் வரவழைத்திருந்தாள். இந்தியில் சிரமப்பட வேண்டாம், தமிழிலேயே சொல்லட்டும், பிரசாத்ஜி மொழிபெயர்ப்பார் என்றாள். அறையில் என்னைத் தவிரப் பதினொரு பேர். தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

லூர்துராஜ் எழுந்து நின்றார். "மூணு தடவ அளந்தேன் சார். மூணு தடவையும் ஒரே கணக்குதான். போல்ட்டுதான் திரும்பியிருக்குன்னு அன்னைக்கே ஒங்களுக்கு வாய்ஸ்ல சொல்லியிருக்கேன், பெஸ்ட் ஃபிட் போடாதீங்கன்னும் சொன்னேன். அத மேடத்துட்ட சொல்லுங்க சார்."

பதினொரு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"மூன்று முறை அளந்ததாகச் சொல்கிறார்" என்று இந்தியில் சொன்னேன். நிறுத்திக்கொண்டேன்.

மேதா கேட்டாள்: "உஸ் வக்த் பதாயா க்யோன் நஹீ? பூச்சியே இன்ஸே." அப்போதே ஏன் சொல்லவில்லை என்று அவரைக் கேட்கச் சொல்கிறாள்.

நான் லூர்துராஜின் பக்கம் திரும்பி, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். நொண்டுகிற இந்திக்கும் 'பதாயா க்யோன் நஹீ' புரியும். டெல்லியில் மூன்று வருடம் இருந்தவருக்குப் புரியாமல் இருக்குமா?

"இல்ல சார்" என்றார்.

"பதில் இல்லை" என்றேன் மேதாவிடம்.

அன்றைக்கும் சிவப்பைப் பச்சையாக்கிவிட்டுத்தான் எழுந்தேன். ஒரு வாரத்தில் லூர்துராஜின் கம்பெனி அவரிடமிருந்து கருவியை வாங்கிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். வேறு ஒரு தளத்தில் யாரோ அளக்க, இவர் அளவுக் குச்சி பிடித்துக்கொண்டு நிற்கிறாராம். பதினைந்து வருடம் அளந்தவர். எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்று சொல்லிக்கொள்வதற்கும் வெட்கமாக இருந்தது, ஏனென்றால் என் நாற்காலி அசையாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உத்தம் நகரில் அவர் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். மூன்றாவது மாடி, மேலே மொட்டை மாடி. ஜனவரி வெயிலுக்கு எல்லாரும் மாடியில்தான் இருப்பார்கள். லூர்துராஜ் பாயை உதறிப் போட்டு, "வாங்க சார், சாப்பிட்டியளா?" என்றார். அதே கேள்வி. அவர் மனைவி இன்பராணி பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம், இந்தி இன்னும் ஒரு வார்த்தை வரவில்லையாம். எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள்.

"ஒங்களப் பத்திச் சொன்னாக சார்" என்றாள் அவள். "சாரு டெல்லியிலயே பொறந்து வளந்தவுக, நம்ம பேச்சு அவுகளுக்கு வெளங்காது, அதான் மீட்டிங்ல பாதி விட்டுப்போச்சு, அவுகமேல தப்பில்லன்னு. எனக்குத்தான் மனசு கேக்கல. மெதுவாப் பேசியிருக்கலாம்லன்னு இவுகளத்தான் ஏசுனேன்."

நான் டீயை ஒரு வாய் குடித்தேன். தப்பிக்க ஒரு சாக்கை அவள் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஆமாம்மா என்று ஒரு தலையசைப்பு போதும், மாடியிறங்கி வீட்டுக்குப் போய்விடலாம். தலை லேசாக அசைந்தும்விட்டது.

"அந்த வாய்ஸ் மெசேஜ் இன்னும் இருக்கா லூர்துராஜ்?" என்று கேட்டேன், எதையாவது பேச வேண்டுமே என்று.

அவர் போனை எடுத்துத் தேடி என்னிடம் நீட்டினார். மைக் நீலமாக இருந்தது. அழுத்திப் பார்த்தால் நான் கேட்ட தேதியும் நேரமும் இருக்கும். மீட்டிங்குக்கு முந்தைய நாள் மாலை. நான்கு மாதமாக நீலமாகாத மைக் நீலமானதைப் பார்த்துவிட்டுத்தான், இன்றைக்குச் சார் சொல்லிவிடுவார் என்று நம்பி அந்த அறைக்குள் வந்திருக்கிறார். வெளியே வந்து, எனக்குத் தமிழ் விளங்காது என்று பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறார். லூர்துராஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டாணித் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அங்கேயே உட்கார்ந்து மேதாவைக் கூப்பிட்டேன். எடுத்தாள். இந்தியில் சொன்னேன்: "மேதாஜி, அளவு சரிதான், போல்ட்டுகள்தான் தப்பு. லூர்துராஜ் இதை செப்டம்பரிலேயே எனக்குச் சொல்லியனுப்பினார். நான் கேட்கவில்லை. மீட்டிங்குக்கு முந்தைய நாள்தான் கேட்டேன். மீட்டிங்கில் அவர் அதையே உங்களிடம் சொன்னார். நான் வேண்டுமென்றே மறைத்தேன். நீங்கள் கேட்ட கேள்வியையும் அவரிடம் கேட்கவில்லை."

"அந்த மெசேஜை எனக்கு அனுப்புங்கள். அவருடைய கம்பெனியிடம் நானே பேசுகிறேன்" என்றாள். பிறகு, "மொழிபெயர்ப்பை வேறு யாராவது செய்யட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். சத்தம் போடவே இல்லை.

செய்தியை அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். இன்பராணி உரிப்பதை நிறுத்தியிருந்தாள். "சாரு போன்ல என்ன சொன்னாக?" என்று புருஷனைக் கேட்டாள்.

லூர்துராஜ் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அவருக்கு அத்தனையும் புரிந்திருந்தது. பிறகு அவள் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார்: "மூணு தடவ அளந்தது சரிதான்னு மேடத்துட்ட சொல்லிட்டாக. எனக்கு மிஷினு திரும்பக் கெடைக்கும் போல. மீட்டிங்ல சாருக்குச் சரியா வெளங்கலயாம், அதையும் சொல்லிட்டாக."

நான் செய்த அதே வேலை. ஒரு வரியை விட்டு, ஒரு வரியை மாற்றி. நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்தேன், அவர் என்னைக் காப்பாற்றச் செய்கிறார். அந்தப் பதினொரு பேருக்கு முன்னால்கூட என் உடம்பு இப்படிக் கூசியதில்லை.

"இல்லம்மா" என்றேன். "எனக்கு வெளங்கிச்சு. அவர் சொன்னது ஒண்ணுவிடாம எல்லாம் வெளங்கிச்சு. தெரிஞ்சேதான் மறைச்சேன்."

இன்பராணி என்னையே பார்த்தாள். பட்டாணித் தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிக் கீழே போனாள்.

"டீ ஆறுது சார்" என்றார் லூர்துராஜ்.