பதினேழாம் வரிசை

எங்கள் அலுவலகத்தில் ஊர்களுக்குப் பெயர் கிடையாது. ஆற்றை நம்பி நாற்பத்தொரு ஊர்கள் இருக்கின்றன. அட்டவணையில் எது எந்த வரிசையோ அதுதான் பெயர். "ஒன்பதுல குழாய் உடைஞ்சிருச்சு", "முப்பத்திரெண்டுல கலங்கலா வருதாம்" என்று பேசிக்கொள்வோம். புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் ஒரு மாதம் திருதிருவென்று விழிப்பார்கள். பிறகு அவர்களும் அப்படித்தான்.

முப்பது வருடம் கழித்து எந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று சொல்வது என் வேலை. ஜோசியம்தான், ஆனால் பலிக்காவிட்டால் கேட்க ஆள் வராது. என் எண்ணை வைத்துத்தான் ஆற்றுநீரைப் பங்கு பிரிப்பார்கள், குழாயின் பருமனை முடிவு செய்வார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திட்டத்தைத் திருத்துவோம். திருத்துவது என்றால் பழைய அட்டவணையில் வருடத்தை மாற்றுவது. இந்த முறை வெள்ளிக்கிழமை கையெழுத்தாக வேண்டும்.

அதற்கு முந்தைய ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே மூன்று நாளைக்கு ஒருமுறை லாரியில்தான் தண்ணீர். குளியலறை, சமையலறை, மாடிப்படிக்கு அடியில் என்று எங்கு பார்த்தாலும் பிளாஸ்டிக் டிரம். ஒரு மணி நேரத் தூரத்தில் அலுவலகத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பங்கு போடுகிறவள் நான். அக்கா அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது மாமா பழைய கதையை எடுத்தார். அவர் வெல்டர். மேலே அணை கட்டியபோது இந்த ஊரில்தான் முகாம் போட்டுத் தங்கினார்களாம்.

"மூவாயிரம் பேரு இருந்தோம். ஜனத்தொகை எண்ண வந்த ஆளு ஷெட்டு ஷெட்டா நுழைஞ்சு பேரு எழுதினாரு. அணை முடிஞ்சதும் மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயிட்டோம். எனக்குத்தான் இடம் பிடிச்சுப்போச்சு, திரும்பி வந்து வீடு கட்டிட்டேன்."

எங்கள் அட்டவணையில் பதினேழாம் வரிசை அந்த ஊர்தான். முதல் கணக்கெடுப்பில் ஐயாயிரம் பேர், பத்து வருடம் கழித்து இரண்டாயிரத்து முந்நூறு. பத்து வருடத்துக்கு முன் அந்த இரண்டு எண்களை வைத்து, இந்த ஊர் தேய்கிறது என்று முடிவு கட்டியது நான்தான். அதே வேகத்தில் முப்பது வருடத்துக்குக் குறைத்துக்கொண்டே போனால் மிஞ்சுவது இருநூற்று இருபத்து நான்கு பேர். ஊர் தேயவில்லை, முகாம்தான் கலைந்திருக்கிறது. இன்று அங்கே பன்னிரண்டாயிரம் பேர். அடுத்த கணக்கெடுப்பு இன்னும் வெளிவரவில்லை, நாங்களும் பழைய எண்ணையே நகலெடுத்துக்கொண்டிருந்தோம்.

மிச்சமான தண்ணீரைப் பதினெட்டாம் வரிசைக்குக் கொடுத்திருந்தோம். அதற்காக எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

திங்கட்கிழமை காலையிலேயே தலைமைப் பொறியாளர் அறைக்குப் போனேன். எங்கள் பிரிவில் அவருக்குக் கமா என்று பெயர். எண்ணுக்குள் ஒரு கமா தப்பினாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். பதினேழாம் வரிசையில் கமா எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"இப்பச் சொன்னா எப்படிம்மா? பதினெட்டுக்குக் குழாய் புதைச்சாச்சு. அறுபதாயிரம் பேரு, ஆஸ்பத்திரி வேற. யாரு பங்குல கை வைக்கிறது?"

"எல்லா ஊர்லயும் தலைக்குக் கொஞ்சம் குறைக்கலாம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பதினேழுல உங்க அக்கா வீடு இருக்குல்ல?"

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை, மற்றவர்கள் கேட்கப்போவதை முன்கூட்டியே கேட்டார். அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் கோபம் வந்தது.

"இருக்கு சார். தப்பு என்னோடதுன்னு எழுதித் தரேன்."

எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நாற்பது ஊர்ப் பொறியாளர்களும் என்னைப் பார்த்த பார்வையை நான் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. தலைக்கு நான்கு லிட்டர் குறைத்தார்கள். பதினேழுக்குப் பங்கு கிடைத்தது. ஆனால் புதுக்குழாய் போட்டுத் தண்ணீர் வர ஆறு வருடம் ஆகும். என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் முழுவதையும் சொன்னேன். அவள் கொல்லைப்புறத்தில் துணி அலசிய தண்ணீரை வாளியில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்களை எத்தனை பேருன்னு போட்டிருந்த?"

"இருநூத்தி இருபத்திநாலு."

"எங்க தெருவே அவ்வளவு வருமேடி." வாளியைக் கீழே வைத்தாள். "இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டப்ப நீதானே வந்து டேப்பைப் பிடிச்ச? இந்த ஊர்தான் அந்தப் பதினேழுன்னு அப்பத் தெரியாதா?"

"தெரியும்க்கா."

தெரியும், ஆனால் ஒருமுறைகூட இரண்டையும் சேர்த்து நினைத்ததில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "உங்க தங்கச்சியா? குழாய்த் தண்ணிக்கு ஏதாவது வழி உண்டாம்மா?"

அக்கா என்னைப் பார்க்காமல் வாளியைத் தூக்கினாள்.

"ஆறு வருஷத்துல வந்துடும். நம்ம ஊரு கணக்குல தப்பு இருக்குன்னு இவதான் கண்டுபிடிச்சு எழுதிக் கொடுத்திருக்கா."

"நீ நல்லா இருக்கணும்மா," என்றார் அந்த அம்மா, கண் கலங்கியபடி. நான் தலையாட்டினேன்.