அக்புதாக் வளைவு

அந்த வசந்தத்தில் நான் ஜெர்மன்காரர்களிடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். என் பெயர் லெஃப்தெர், சொந்த ஊர் நீதே. வீட்டில் துருக்கி பேசி, கோயிலில் கிரேக்கத்தில் ஜெபிக்கிற குடும்பம். ஜெர்மன் கற்றது இஸ்மிரில், ஒரு புகையிலைக் கிடங்கில் வேலை பார்த்தபோது.

கோன்யாவுக்குக் கிழக்கே ரயில் பாதை போடும் உரிமை யாருக்கு என்று இஸ்தான்புல்லில் இழுபறி நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் ஜெர்மன் கம்பெனி, மறுபக்கம் பிரெஞ்சு கம்பெனி. சுல்தானின் கஜானாவில் ஒரு முழம் தண்டவாளம் வாங்கக்கூட வழியில்லை. ஆகவே, யார் போட்டாலும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வருஷத்துக்கு இவ்வளவு என்று வருமானத்துக்கு அரசாங்கமே ஜாமீன் நின்றது. குறைந்தால் விவசாயிகளின் வரியிலிருந்து நிரப்புவார்கள்.

நீளத்துக்குப் பணம் என்றால் பாதை நேராகவா போகும்? அக்புதாக் கிராமத்தை நெருங்கியதும் எங்கள் கோடு திடீரென்று வடக்கே திரும்பியது. ஒரு குன்றைச் சுற்றியது, வாதுமைத் தோப்புக்குள் புகுந்தது, ஊர் வாய்க்காலை இரண்டு இடத்தில் வெட்டியது, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் சமவெளிக்குத் திரும்பியது. இஞ்சினியர் லிண்ட்னர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு முளைகளை அடிக்கச் சொன்னார். காரணம் எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது; வேலை போனால் என்ன செய்வேன்?

இரண்டாம் நாள் காலையில் குல்சும் வந்தாள். புருஷன் செத்த பிறகு வாய்க்கால் தண்ணீரில் ஓடும் ஊர் மாவு ஆலையை அவள்தான் நடத்தி வந்தாள். வாய்க்கால் போனால் ஆலை நிற்கும், நாற்பது வீட்டுத் தோட்டங்கள் காயும். கை, புருவம் எல்லாம் மாவு.

"எஃபெந்தி, உன் ஆளைக் கேளு. இந்த வண்டி என்ன, குடிச்சுட்டுப் போவுதா?"

"குன்று இருக்கு அக்கா. சரிவு அதிகமாம்" என்றேன்.

"குன்று வடக்க இருக்கு. நேராப் போனா ஏது குன்று? நீங்கதான தேடிப் போய் அதச் சுத்துறீங்க! இருபது வருஷமா மாவு மூட்டையோட நேராத்தான் போறேன். என் கழுதைக்குத் தெரிஞ்ச வழி உங்க பெரிய படிப்புக்குத் தெரியலையா?"

லிண்ட்னரிடம் சொன்னேன். அவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தொழில்நுட்பக் காரணம் என்று சொல்" என்றார். சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், நான் முளைகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் பிரெஞ்சு கம்பெனியின் வெர்னியே வந்து சேர்ந்தார். எங்கள் கோட்டில் ஓட்டை கண்டுபிடிப்பதே அவருக்கு வேலை. ஊர்த்தலைவர் துர்முஷின் வீட்டில் தங்கி, தெரிந்த அரைகுறைத் துருக்கியில் எல்லோரிடமும் பேச்சுக் கொடுத்தார். குல்சும் அவரைத் தன் கழுதையோடு சமவெளிக்குக் கூட்டிப் போனாள். மனிதர் திரும்பி வந்தபோது முகம் தேன் குடித்த கரடி மாதிரி இருந்தது. வேண்டுமென்றே நாலு கிலோமீட்டர் கூட்டியிருக்கிறார்கள் என்று அன்றைக்கே கோன்யாவிலிருந்த அரசு அதிகாரிகளுக்கு எழுதிவிட்டார். ஆனால் அவர் போட்ட கோடும் சுத்தமில்லை. நேராகத்தான் வந்தது, ஊர் எல்லையில் மட்டும் நீளத்துக்காக ஒரு நெளி நெளிந்து கபுர்ஸ்தானுக்குள் நுழைந்தது.

"ஒருத்தன் தண்ணிய எடுக்குறான், ஒருத்தன் செத்தவங்கள எழுப்புறான். நல்லாருக்குடா நம்ம பொழப்பு!" என்றார் துர்முஷ்.

பத்து நாளில் பொதுப்பணி அமைச்சகத்திலிருந்து நஸ்மி பே வந்தார். ஒல்லியான மனிதர், ஓயாத இருமல். ஊர் நடுவில் கூடாரம் போட்டு, இரண்டு வரைபடங்களையும் விரித்து, ஊரையே கூப்பிட்டு உட்காரவைத்தார். பிரெஞ்சு நன்றாகத் தெரியும், ஜெர்மன் தெரியாது. லிண்ட்னருக்கோ ஜெர்மன் தவிர வேறு தெரியாது. நடுவில் நான்.

"லெஃப்தெர் எஃபெந்தி, இவர் சொல்றத கூட்டாம குறைக்காம சொல்லணும். நேர் வழிய ஏன் விட்டார்? அத மட்டும் கேளு."

கேட்டேன். எதிரில் வெர்னியே கால்மேல் கால் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். லிண்ட்னரின் கழுத்து சிவந்தது. பிறகு என் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னார்: "என்னால் சொல்ல முடியவில்லை லெஃப்தெர். வசந்தத்தில் அங்கே சதுப்பு என்று நீயே சொல்லிவிடு."

கூடாரம் முழுக்க என் வாயையே பார்த்தது. குல்சும் முன்வரிசையில் இருந்தாள். பெண்ணின் கல்யாணம் நினைவுக்கு வந்தது. கூட்டாமல் குறைக்காமல் என்ற வார்த்தையும் நினைவுக்கு வந்தது.

"பே," என்றேன், "அவரால சொல்ல முடியலையாம். வசந்தத்துல அங்க சதுப்புன்னு என்னையே சொல்லிடச் சொல்றார்."

துர்முஷ் ஆரம்பித்த சிரிப்பு கூடாரத்தையே தூக்கியது. "சதுப்பா?" என்று குல்சும் எழுந்தாள். "என் கழுதைக்கு இன்னிக்கு வரைக்கும் குளம்பு நனைஞ்சதில்லையே!"

நஸ்மி பே சிரிக்கவில்லை. இருமி முடித்துவிட்டு இரண்டு வரைபடங்களையும் சுருட்டினார். "எங்களால சொந்தமா ரயில் போட முடியாதுதான். ஆனா வாசல்ல ரெண்டு பேர் நிக்கிறீங்க. ஒருத்தர் வாய்க்கால விடணும், ஒருத்தர் கபுர்ஸ்தான விடணும். நாளைக்கு மதியத்துக்குள்ள யார் கோடு முதல்ல நேராகுதோ, அதுதான் என் கையெழுத்தோட இஸ்தான்புல்லுக்குப் போகும்." அதையே பிரெஞ்சில் வெர்னியேவுக்கும் சொன்னார்; லிண்ட்னருக்கு நான் ஜெர்மனில் சொன்னேன். வெர்னியேயின் கால் கீழே இறங்கியது.

கூட்டம் கலைந்ததும் நான் நேராகப் போய் என் துணிகளை மூட்டை கட்டினேன். லிண்ட்னர் உள்ளே வந்தார்.

"எங்கே கிளம்பிவிட்டாய்?"

"நீங்களே அனுப்பப் போகிறீர்களே ஐயா."

அவர் என் மூட்டைமேல் உட்கார்ந்தார். "அந்த வளைவு மேலிடத்து உத்தரவு. அதை வரைந்த நாளிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. எனக்குப் பாடம் சொன்ன வாத்தியார் பார்த்தால் காதைத் திருகியிருப்பார். இப்போது அமைச்சகமே நேராக்கச் சொல்லிவிட்டது. மேலிடத்துக்கு எழுத என்னிடம் நல்ல காரணம் இருக்கிறது." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வா, அளவுச் சங்கிலியைப் பிடி. இருட்டுவதற்குள் அளக்க வேண்டும்."

மறுநாள் பத்து மணிக்கெல்லாம் எங்கள் கோடு சமவெளியில் நூல் பிடித்ததுபோல் ஓடியது. வெர்னியே, எங்கள் முளைகளைப் பார்த்ததுமே, தன் வரைபடத்தைத் திருத்தக்கூட உட்காராமல் குதிரையைக் கேட்டார். கிளம்பும்போது லிண்ட்னருக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் போனார். வேறொரு பாதைக்காக ஹலப் நகரில் மறுபடியும் மோதிக்கொள்வார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

வாய்க்காலும் பிழைத்தது, கபுர்ஸ்தானும் பிழைத்தது. அன்று மதியம் குல்சும் ஒரு சட்டி தயிரும் சூடான ரொட்டியும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா எஃபெந்தி? ரெண்டு வாரத்துக்கு மேல தூங்கலடா நாங்க."

"நானும்தான் தூங்கல அக்கா" என்றேன்.

"சரி சரி, தின்னு" என்றாள். சட்டியை வழித்துத் தின்றேன். பிறகு தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு வாதுமை நிழலில் படுத்தவன், பிற்பகல் அஸர் தொழுகைக்கு அழைப்பு கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை.