விடுபட்ட அரை

ஹெரான் ஹைட்ஸ் நகர மன்றத்தில் யாராவது அன்றைய விவகாரங்கள் அடங்கிய காகிதக் கட்டைப் படிக்காமல் கூட்டத்துக்கு வந்தால் ஆர்டிஸ் டாலெஃப்சனிடமிருந்து தப்பவே முடியாது. வெள்ளிக்கிழமை மாலையே வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிற கட்டு அது. கூட்டமோ திங்கட்கிழமை ஏழு மணிக்கு. "என்ன, கட்டு இன்னும் கவர்லயே தூங்குதா?" என்று பக்கத்து நாற்காலிக்காரரைச் சீண்டிவிட்டுத்தான் அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டுவாள். பதினோரு வருடமாக மற்ற நான்கு உறுப்பினர்களும் இதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் வீட்டில் செய்து கொண்டுவரும் எலுமிச்சை இனிப்புக்காக இன்னும் பதினோரு வருடம்கூடப் பொறுப்பார்கள்.

ஜனவரி மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை அவளுடைய கட்டே கவருக்குள் தூங்கியது. அன்று இனிப்பும் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வென்டெலுக்குத் தூக்கமில்லை. அவருக்கு இல்லையென்றால் அவளுக்கும் இல்லை.

வென்டெல் அவள் கணவர். முப்பத்தொரு வருடம் நகரத்தின் பனி தள்ளும் லாரியை ஓட்டியவர். பனி கொட்டும் மினசோட்டா மாநிலத்தில் மேயர் பெயர் தெரியாதவன் இருப்பான், தன் தெருவுக்கு லாரி ஓட்டுகிறவன் பெயர் தெரியாதவன் இருக்கமாட்டான். அவர்கள் வீடு இருப்பது நாற்பத்து மூன்றரையாம் அவென்யூவில். நாற்பத்து மூன்றுக்கும் நாற்பத்து நான்குக்கும் நடுவே பின்னாளில் ஒரு தெரு போட்டார்கள். எண் மிச்சமில்லாததால் அரை என்று வைத்தார்கள். தபால்காரர் மறப்பார், பீட்சா கொண்டுவருகிற பையன் மறப்பான். வென்டெல் மட்டும் மறந்ததில்லை. "மேயர் தெரு காத்திருக்கட்டும், அரைத் தெரு காத்திருக்காது" என்று முதல் வேலையாக அதைத்தான் தள்ளுவார்.

இப்போது அவருக்கு மறதி நோய். இரண்டு வருடத்துக்கு முன்னால், மருத்துவரைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறியதும், சாவியைத் திருப்பாமல் ஒன்று சொன்னார்: "ஆர்டி, ஊர்ல யாருக்கும் தெரிய வேண்டாம். லாரியில உக்காந்திருந்தவனாவே என்னை நெனச்சுக்கட்டும்." அவள் சரி என்றாள். அந்தச் சரியைக் காப்பாற்றத்தான் தேவாலயத்து மதிய விருந்தை விட்டாள், தங்கையை வரவேண்டாம் என்றாள், கேட்டவர்களிடமெல்லாம் அவருக்கு முழங்கால் வலி என்றாள். கூட்டநாள் மாலை அவரைத் தனியே விட்டுவிட்டு வர ஒரு வழி வைத்திருந்தாள். மன்றக் கூட்டத்தை நகரத் தொலைக்காட்சி நேரடியாகக் காட்டும். அவள் முகம் திரையில் தெரிகிறவரை வென்டெல் நாற்காலியைவிட்டு எழமாட்டார்.

முதலில் பட்ஜெட் திருத்தம் வந்தது. நிதி அதிகாரி டீன்னா காது சிவக்க எழுந்து நின்றாள்.

"செப்டம்பர்ல எல்லாத் துறைக்கும் போட்டோமே புது மென்பொருள், அதுக்கு முழு எண் மட்டும்தான் புரியுது. அரை வந்தா சத்தமில்லாம முழுங்கிடுது. நூலகத்துல அஞ்சு முழுநேரம், ஒரு அரைநேரம், ஆக அஞ்சரை வேலையிடம். பட்ஜெட்ல அஞ்சுன்னு விழுந்திருக்கு. நான் கையாலயே திருத்திட்டேன், நீங்க ஒப்புதல் குடுத்தாப் போதும்."

"அரை ஆளைக் காணோம்ங்கற" என்றார் மேயர் லோவெல். "எந்த அரை, மேல் பாதியா கீழ் பாதியா?"

"கீழ் பாதி போனா பரவால்ல. கவுன்டருக்குப் பின்னாடி யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் ஆர்டிஸ்.

எல்லாரும் சிரித்தார்கள். ஐந்து பேரும் ஆம் என்றார்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. தப்பு செய்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. டீன்னா தன் காதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தாள்.

அடுத்தது சிக்கல் உரிமங்கள். இந்த ஊரில் வீட்டை வாடகைக்கு விட நகரத்தின் உரிமம் வேண்டும். அந்த வீட்டுக்கு ஒரே வருடத்தில் மூன்று தடவை போலீஸ் வந்தால் உரிமம் போய்விடும். அந்த விதியைக் கொண்டுவந்தவளே ஆர்டிஸ்தான். நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு வாடகை வீட்டில் உளுத்த மாடிப்படி உடைந்து ஒரு குழந்தைக்குக் கால் முறிந்தது. வீட்டுக்காரன் புளோரிடா வெயிலில் உட்கார்ந்துகொண்டு போனையே எடுக்கவில்லை. அன்று அவளுக்கு வந்த கோபத்தில்தான் விதி பிறந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை.

அன்றைக்குப் பட்டியலில் ஒரே வீடு: 812, நாற்பத்து மூன்றாம் அவென்யூ. உரிமையாளர் யாமா கோலி எழுந்து ஒலிவாங்கியிடம் வந்தாள். லைபீரியாவிலிருந்து வந்து இருபது வருடம் முதியோர் இல்லத்தில் பணிவிடை செய்து வாங்கிய வீடு அது. கீழே அவள் தம்பி குடும்பம். மாடியில் பள்ளிக்கூடச் சமையல்காரி டெல்ஃபினா, மூன்று பிள்ளைகளோடு. அவர்கள் நால்வரும் இரண்டாம் வரிசையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். பூட்சிலிருந்து உருகிய பனி காலடியில் தேங்கியிருந்தது.

"மூணு தடவை போலீஸ் வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. என் வாசப்படியைப் போலீஸ் மிதிச்சதே இல்லய்யா. ஆபீஸ்ல ரெண்டு தடவை சொன்னேன், இங்க மூணாவது தடவையா சொல்றேன்" என்றாள் யாமா.

"முதல் பாட்டு ஆரம்பிச்சாச்சு" என்று பக்கத்து நாற்காலிக்காரர் ஆர்டிஸின் காதில் கிசுகிசுத்தார். அது அவளே சொன்ன கேலி. எந்த வீட்டுக்காரனும் 'என் வீடு இல்லை' என்ற பாட்டோடுதான் தொடங்குவான் என்பாள். அவளும் பாதி சிரித்துக்கொண்டே கவரைக் கிழித்தாள்.

கட்டட ஆய்வாளர் வாசிக்க ஆரம்பித்தார். "அக்டோபர் ஒன்பது, மாலை நாலு இருபது. ஒரு ஆள் நடு ரோட்ல நின்னு வர்ற வண்டியை எல்லாம் மறிச்சுக் கத்தியிருக்கான். நவம்பர் இருபத்திரண்டு, மாலை நாலே முக்கால். ரோட்டோரம் நின்ன நீலப் பிக்கப் வண்டியைப் பனி தள்ளுற ஷவலால அடிச்சிருக்கான். டிசம்பர் பதினாலு, காலையில ஆறு மணி. கால்ல செருப்பு மட்டும் போட்டுக்கிட்டு இருட்டுல வீடு வீடாக் கதவைத் தட்டி, வண்டியை எடுங்க, லாரி வருதுன்னு சத்தம். மூணு தடவையும் போலீஸ் வந்ததும் அடங்கிட்டான்."

ஆர்டிஸின் கையில் கவர் அப்படியே நின்றது.

நீலப் பிக்கப் எதிர்வீட்டு ஜெரியுடையது; அந்தி இருட்டில் அடித்தது யாரென்று ஜெரிக்கு இன்னும் தெரியாது. டிசம்பரில் அந்தச் செருப்புக் கால்களை வெந்நீரில் வைத்துத் தேய்த்தவள் அவள். மூன்று தடவையும் வந்த போலீஸ்காரன் சின்ன வயதில் வென்டெல் லாரிக்கு டாட்டா காட்டியவன். குறிப்பு எழுதிக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்மா" என்று போய்விட்டான். அவன் சொல்லவில்லைதான். அவன் எழுதியதை மென்பொருள் வாங்கி, அரையை விழுங்கிவிட்டு, மூன்றையும் யாமா தலையில் போட்டிருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவளுக்கு முதலில் வந்த எண்ணம் நல்ல எண்ணம் இல்லை. யாருக்கும் தெரியாது என்பதுதான் அது. எதிரே, காமிராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் வென்டெல் உட்கார்ந்திருக்கிறார். அவரோடு ஊரும் உட்கார்ந்திருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"இதைத் தள்ளி வைக்கலாமே. முகவரியை இன்னொரு தடவை சரிபார்த்துட்டு..." என்றாள்.

"பார்த்தாச்சு ஆர்டிஸ், கம்ப்யூட்டர்லயே இருக்கு" என்றார் ஆய்வாளர்.

"உரிமம் பதினஞ்சாம் தேதியோட முடியுது. அடுத்த கூட்டம் இருபத்தாறு" என்றார் மேயர். "தள்ளி வச்சா தானா காலாவதி ஆயிடும். வீட்டைக் காலி பண்ணச் சொல்லி மறுநாளே கதவுல நோட்டீஸ் ஒட்டணும். தள்ளி வைக்கிறதும் ஒண்ணுதான், ரத்து பண்றதும் ஒண்ணுதான்."

"தள்ளியும் வைக்க வேணாம்" என்றாள் யாமா. அவள் குரல் உடையவில்லை, கெட்டிப்பட்டிருந்தது. "மூணு தடவை வேலைக்கு லீவு போட்டு வந்துட்டேன். சிக்கல் வீடு, சிக்கல் வீடுன்னு நகரத்து அறிவிப்புப் பலகையில என் பேரு தொங்குது. வெளிய குளிரு பூஜ்யத்துக்குக் கீழ பதினெட்டு. இந்தப் பிள்ளைங்களை எங்க போகச் சொல்றீங்க? அதை மட்டும் சொல்லிடுங்க."

"ரொம்ப வருத்தமான விஷயம்தான்" என்றார் உறுப்பினர் ஒருவர். இந்த ஊரில் அப்படிச் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். மேயர் திரும்பினார்.

"ஆர்டிஸ், வழக்கம்போல நீங்களே தீர்மானத்தைக் கொண்டு வர்றீங்களா?"

டெல்ஃபினாவின் கடைசிப் பெண், ஐந்து வயது இருக்கும், கையுறையின் நுனியைக் கடித்தபடி ஆர்டிஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆர்டிஸ் காமிராவைப் பார்த்தாள். மன்னிச்சுக்கோ வென்டெல் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"நான் ஒரு திருத்தம் கொண்டு வர்றேன்."

"பட்ஜெட் முடிஞ்சுதே."

"இதுவும் அதே திருத்தம்தான் லோவெல். இதுலயும் அரை விட்டுப்போச்சு. போலீஸ் வந்தது 812, நாற்பத்து மூணரையாம் அவென்யூவுக்கு. அது என் வீடு." அவள் கிழித்த கவரை மேசைமேல் வைத்தாள். "அந்த ஆள் என் புருஷன். வென்டெலுக்கு மறதி நோய், ரெண்டு வருஷமாச்சு. பனி கொட்டுது, தெருவைத் தள்ளணும்னு நெனச்சுக்கிட்டு வெளிய போயிடறாரு. வண்டி நின்னா தள்ள முடியாதே, அதான் அடிச்சாரு. முழங்கால் வலின்னு நான் சொன்னதெல்லாம் பொய். அந்த அம்மா மூணு தடவை வந்து உண்மையைச் சொன்னாங்க. நான் இங்க உக்காந்து சிரிச்சுக்கிட்டிருந்தேன்."

டீன்னா தன் கணினியைத் திறந்து எதையோ தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"மூணரைன்னு அடிச்சா மூணுன்னுதான் விழுது" என்றாள். "ஐயோ, நூலகத்தை மட்டும்தான் பார்த்தேன். தெருவை யோசிக்கவே இல்ல."

மேயர் லோவெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாற்பது வருடமாக வென்டெலோடு ஏரிப் பனியில் துளை போட்டு மீன் பிடித்தவர் அவர். "மூணு புகாரையும் இந்த வீட்டுக் கணக்குலேர்ந்து எடுத்துட்டு, உரிமத்தைப் புதுப்பிக்கணும்னு தீர்மானம். சரிதானே ஆர்டிஸ்?"

"பலகையிலேர்ந்து பேரையும் எடுக்கணும். இன்னிக்கே."

ஐந்து பேரும் ஆம் என்றார்கள். இதற்கும் இரண்டு நிமிடம்தான் ஆயிற்று.

வெளி நடையில் ஆர்டிஸ் கோட்டுப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தபோது யாமா வந்து எதிரே நின்றாள். ஆர்டிஸ் மன்னிப்புக் கேட்டாள்.

"என் கோபம் இன்னிக்கே ஆறாது. ஆறிடுச்சுன்னு பொய் சொல்லமாட்டேன்" என்றாள் யாமா. போகத் திரும்பியவள் நின்றாள். "அந்த ஷவலை என்ன பண்ணீங்க?"

"கராஜ்ல வச்சுப் பூட்டிட்டேன்."

"அதான் தப்பு. நான் வேலை பாக்குற முதியோர் இல்லத்துல இப்படிப் பதினெட்டுப் பேரு இருக்காங்க. சாயங்காலம் நாலு மணி ஆனா அவங்களுக்கு வேலைக்குப் போகணும். புடுங்கி வச்சா சண்டைக்கு வருவாங்க. கையில குடுங்க, கூட நில்லுங்க. தள்ளுறதுக்கா இந்த ஊர்ல பனி இல்ல?"

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஆர்டிஸுக்கு ஒரே பயம்தான். அவர் கேட்டிருப்பார். கேட்டது புரிந்திருந்தால் வாக்குத் தவறியவள் ஆகிவிடுவாள்; புரியாமலே இருந்தால் அது இன்னும் கொடுமை. கதவைத் திறந்தாள். நாற்காலி திரையின் முன்னால் இருந்தது, வென்டெல் அதில் இருந்தார். திரையில் பூங்காவின் குளிர்கால நேரப்பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா? டிவியில உன்னைப் பார்த்தேன்" என்றார். "ஷவலால வண்டியை அடிச்சானாமே ஒருத்தன், யாரு அது?"

அவள் கோட்டோடு அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். இனி ஒரு பொய் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை.

"அது நீதான், வென்டெல். நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். கோபம் வருமென்று அவள் காத்திருந்தாள்.

"யாரு வண்டி?"

"எதிர்வீட்டு ஜெரியோடது."

"கீறல் விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. விளக்கும் உடைஞ்சுது."

"அடக் கடவுளே! நான் போய் மன்னிப்புக் கேட்டேனா?"

"இல்ல. நான்தான் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு..."

"ஏன் தெரியக் கூடாது?" என்றார் வென்டெல். அவர் குரலில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. "அவன் வண்டியை அடிச்சது நான். அவனுக்கு நான் சொல்ல வேண்டாமா? ஜெரி தூங்கியிருக்கமாட்டான். என் பூட்ஸ் எங்க?"

அவள் பூட்ஸை எடுத்துவந்து, கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக மாட்டிவிட்டாள். நாடா கட்டும்போது கண்ணீர் அவள் கைமேலேயே விழுந்தது, அவர் கவனிக்கவில்லை. தொப்பியைத் தேடி எடுத்துக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். ஜெரி வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. நடைபாதையில் அன்று விழுந்த பனி தள்ளாமல் கிடந்தது.

"வெறுங்கையோட போய் நிக்கக் கூடாது ஆர்டி. ஷவல் எங்க வச்சிருக்க?"

ஆர்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கராஜ் சாவியை எடுக்கப் போனாள்.