போதும் என்றால் இன்னும் ஒன்று

இந்தக் காலத்து ஜனங்களுக்கு உடம்பு சும்மா இருந்தால் ஏதோ குறை வந்த மாதிரி. முன்பெல்லாம் தண்ணீரில் விழுந்தவனைத் தூக்கிவிட ஆள் தேடினார்கள். இப்போது விழுவதற்கே முன்கூட்டி ஆள் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். காற்றடித்த ரப்பர் படகில் ஏறி, பாறையும் சுழியுமாக ஓடுகிற ஆற்றில் போய், நனைந்து, அலறி, கரையேறி, "செமையா இருந்துச்சு" என்று ஒருத்தர் முதுகை ஒருத்தர் தட்டிக்கொள்ள வேண்டும். இதற்கு வழிகாட்டி வேறு. வழி எதற்கு? ஆறு போகிற பக்கம்தானே படகும் போகும்?

கேட்டுக்காரர் இதையெல்லாம் மகள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்து பிழைத்தவர் என்பதால் அந்தப் பெயர். பட்டறையை மூடியாயிற்று, பெயர் மட்டும் திறந்தே கிடக்கிறது. எதைக் கண்டாலும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். கதவு, தர்பூசணி, டாக்டரின் மேஜை, எதுவும் தப்பாது. தட்டினால் வருகிற சத்தத்தை நம்புவார். ஆள் வாயிலிருந்து வருகிற சத்தத்தை நம்பமாட்டார்.

மகள் முதலில் கேட்டபோது ஒழுங்காகத்தான் கேட்டாள். "அப்பா, ஆபீஸ்ல ரெண்டு பேர், நான், அவர், எல்லாரும் படகுல போறோம். நீங்களும் அம்மாவும் வர்றீங்களா?"

"நாங்க வரலை," என்றார் இவர், இருவருக்கும் சேர்த்து. அப்படித்தான் அந்த வீட்டில் வழக்கம்.

"அவர் வரலை," என்றாள் மனைவி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "நான் வர்றேன்."

வெங்காயத்தின் காரத்தில் பேசுகிறாள் என்று நினைத்தார். இரண்டு நாள் விட்டுப் பார்த்தார். இறங்கி வரவில்லை. மூன்றாவது நாள் கூடத்தில் பாயை விரித்து, அதன் ஓரத்தில் ஒருக்களித்து உட்கார்ந்து, துடைப்பக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக் காற்றைக் கிழித்துக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் நின்று, "முதுகை வளைம்மா, கையால மட்டும் இழுக்காத," என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வீடு பெருக்கியாச்சா?" என்றார்.

"நீங்க நடுவுல நிக்காதீங்க. பாறைன்னு நினைச்சு இடிச்சிருவேன்."

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"மிதவைச்சட்டை தருவாங்களாம். அது மிதக்குமாம்."

"சட்டை மிதக்கும். நீ?"

"சட்டைக்குள்ளதானே நான் இருப்பேன்? தனியாவா போகும்?"

அன்று சாப்பிடும்போது மறுபடியும் ஆரம்பித்தார். வயசென்ன, முழங்கால் என்ன கதி, ஊர் என்ன சொல்லும். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கரண்டியைக் கையில் வைத்தபடியே சொன்னாள்: "உங்க வண்டிக்குப் பின்னாடி உட்கார்ந்து, உங்க முதுகைப் பார்த்துக்கிட்டேதான் எல்லா ஊரையும் பார்த்தேன். நீங்க திருப்பின பக்கம் திரும்பினேன். இதுல ஆளாளுக்கு ஒரு துடுப்பாம். எனக்கும் ஒண்ணு தர்றாங்க. ஒரு தடவை பிடிச்சுப் பார்த்துட்டுப் போறேனே."

அவர் "போதும்," என்று தட்டைக் கையால் மறைத்தார். விரல் இடுக்கு வழியாக இன்னும் ஒரு கரண்டி சோறு விழுந்தது.

ஆற்றுக்குப் போவதற்கு முந்தின நாள் எல்லாரையும் படகுக் கொட்டகைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கேட்டுக்காரரும் போனார். படகில் ஏற அல்ல. எவன் கையில் ஒப்படைக்கிறோம் என்று பார்க்க.

தகரக் கொட்டகை. உள்ளே ரப்பரும் ஈரத்துணியும் கலந்த வாடை. கம்பியில் ஹெல்மெட்டுகள் பானை கவிழ்த்த மாதிரி வரிசையாகத் தொங்கின. பின்பக்கம் ஒரு குளம், அசையாத பச்சைத் தண்ணீர். அதில்தான் பழக்குவார்களாம். "எவன் கையில்" என்று வந்தவருக்கு அங்கே ஒரு எவனும் இல்லை. கட்டையான ஒரு பெண், மூக்கு வெயிலில் உரிந்து, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள். எல்லாரும் அவளை கேப்டன் என்றார்கள்.

கேட்டுக்காரர் ஒரு ஹெல்மெட்டைத் தட்டினார். படகின் பக்கவாட்டைத் தட்டினார். ரப்பர் பதில் சொல்லவில்லை, "தொம்" என்று அமுக்கிக்கொண்டது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஏம்மா, இது கிழிஞ்சா?"

"உள்ளே தனித்தனி அறையா இருக்கு ஐயா. ஒண்ணு போனாலும் மத்தது தாங்கும்."

"மத்ததும் போனா?"

"அதுக்குத்தான் சட்டை."

"சட்டையும் போனா?"

"அப்ப நான் இருக்கேன்."

"நீயும் போனா?"

"அப்பா!" என்றாள் மகள்.

கேப்டன் சிரித்தாள். "கேக்கட்டும். கேக்காம ஏறுறவங்களைப் பார்த்தாத்தான் எனக்குப் பயம்."

இப்படி நைசாகப் பேசுகிறவர்களையும் அவர் நம்புவதில்லை. ஒரு ஓரமாகக் கவிழ்ந்து கிடந்த பிளாஸ்டிக் பெட்டியைத் தட்டிப் பார்த்து, அதன் மேல் உட்கார்ந்தார்.

மனைவியைப் பார்த்ததும் ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. மகளின் ஓட்டப்பயிற்சிக் கால்சட்டை, மகளின் பழைய ஷூ, மேலே ஆரஞ்சு நிற மிதவைச்சட்டை. மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கயிறு கட்டியிருந்தாள். பருத்தித் துணி நனைந்தால் கனக்கும், வேண்டாம் என்று சொல்லியிருந்தார்களாம். கொரியர் பார்சல் மாதிரி இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

கேப்டன் வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தாள். "நாலே நாலுதான். ‘இழு’ன்னா துடுப்பை உங்க பக்கம் இழுக்கணும், படகு முன்னாடி போகும். ‘தள்ளு’ன்னா பின்னாடி போகும். ‘உட்காரு’ன்னா எல்லாரும் படகுக்குள்ள சரிஞ்சு உட்கார்ந்துடணும். ‘போதும்’னா துடுப்பை வெளியே எடுத்து நிறுத்திடணும்."

"ஸ்டாப்னு சொன்னா என்ன?" என்று கேட்டார் மாப்பிள்ளை. வெள்ளைச் சட்டைக்காரர், பேங்கில் வேலை.

"தண்ணியே ஸ்ஸுன்னுதான் சார் கத்தும். அதுல ஸ்டாப் காணாமப் போயிடும். ‘போதும்’ நல்லா வாயைத் திறந்து வரும்."

ஐந்து பேரும் ஏறினார்கள், கேப்டன் பின்னால். மனைவி இடது பக்கம் முன்னால். "இழு!" என்றதும் படகு நகர்ந்தது. பரவாயில்லை, ஒழுங்காகத்தான் இழுத்தாள். பட்டறையில் உலைக்குக் காற்று வர விசிறிச் சக்கரம் சுற்றிய கை, எங்கே போகும்?

"போதும்!"

எல்லாத் துடுப்பும் மேலே வந்தன. ஒன்று மட்டும் தண்ணீருக்குள் போய், இன்னும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வந்தது. படகு மூக்கைத் திருப்பிக்கொண்டு சாய்வாக நின்றது.

"அம்மா, போதும்னா நிறுத்திடணும்."

"நிறுத்திட்டேனே, தாயி."

மறுபடியும். "போதும்!" இன்னும் ஒரு இழுப்பு. படகு மறுபடி திரும்பியது. மூன்றாம் தடவையும் அதேதான். அவளுக்கே தெரியவில்லை. மற்றவர்கள் சொல்லச் சொல்ல, "நானா? நானா?" என்று தன் கையைத் தானே பார்த்துக்கொண்டாள்.

கேட்டுக்காரருக்கு மட்டும் சட்டென்று விளங்கியது. இத்தனை வருஷமாக அந்தக் கைக்கு அவர் சொன்ன "போதும்" எல்லாம் என்ன ஆயிற்று? அவர் நிறுத்தச் சொன்னார், அவள் இன்னும் ஒன்று போட்டாள். அந்தக் காதுக்குப் போதும் என்றால் இன்னும் ஒன்று என்றுதான் அர்த்தம்.

கேப்டன் படகைக் கரைக்குக் கொண்டுவந்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. "மூணாவது வளைவுல ஒரு பெரிய பாறை இருக்கும்மா. அங்க நேரா நிக்கணும். ஒரு பக்கம் மட்டும் ஒரு இழுப்பு கூடிட்டா படகு குறுக்க திரும்பிடும். குறுக்க போய் மோதினா கவிழும். சொன்னதும் நிக்கலைன்னா உங்களைக் கூட்டிட்டுப் போக முடியாது. மத்தவங்களும் இருக்காங்க."

மனைவி துடுப்பை மடியில் குறுக்காக வைத்து, அதன் பிடியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

கேட்டுக்காரர் காதால் கேட்க ஆசைப்பட்டது இதுதான். வேறு ஒருத்தி வாயாலேயே வந்துவிட்டது. எழுந்து, "சரி, வா, போலாம்," என்று சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி. எழுந்தார். ஆனால் அவள் தடவிய விதம் நன்றாக இல்லை. வேண்டாம் என்று கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கப்போகிற சாமானைக் கடைசியாக ஒரு தரம் தொட்டுப் பார்ப்பார்களே, அப்படி.

"ஏம்மா கேப்டன்," என்றார் எரிச்சலோடு, "அவகிட்ட போய்ப் போதும்னு சொன்னா எப்படி நிறுத்துவா? ‘விடு’ன்னு சொல்லு. பட்டறையில நான் விடுன்னா டக்குன்னு சக்கரத்தை விட்டுருவா. இல்லைன்னா இரும்பு எரிஞ்சு போயிடும்."

"அப்படியா? பார்த்துடலாம்." படகு மறுபடி குளத்துக்குள் போனது. "இழு! இழு! விடு!"

அவள் விட்டாள். துடுப்பையே விட்டாள். அது பச்சைத் தண்ணீரில் தன்பாட்டுக்கு மிதந்து போனது. ஆபீஸ்காரர்களில் ஒருத்தர் எட்டிப் பிடிக்கப் போய், அவரும் தொப்பென்று விழுந்தார். விழுந்தவர் சட்டை புண்ணியத்தில் தக்கையாக மிதந்ததை மட்டும் கேட்டுக்காரர் கவனித்து வைத்துக்கொண்டார்.

"நல்ல யோசனைங்க!" என்று படகிலிருந்து கத்தினாள் மனைவி. "பட்டறையை மூடினது சரிதான்!"

"சொன்னதைத்தானே செஞ்ச? அதுவரைக்கும் அதிசயம்!" என்று இவரும் கரையிலிருந்து கத்தினார்.

கரையில் எல்லாரும் சிரித்து ஓய்ந்தபோது மாப்பிள்ளைதான் வாயை விட்டார். "அத்தைகிட்ட போதும்னு சொல்றதே ஒரு கணக்கு கேப்டன். நான்லாம் எப்பவும் ஒரு கரண்டி முன்னாடியே சொல்லிடுவேன். அப்பத்தான் சரியா வரும்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்படியா மாப்ளை? கல்யாணம் ஆன நாள்லேர்ந்தா?"

"அது வந்து... இல்லை அத்தை... அப்பப்ப..."

கேப்டன் சிரிக்கவில்லை. யோசித்தாள். "இருங்க. ஒரு இழுப்பு கூடுறது தப்பில்லை. அவங்க ஒருத்தர் மட்டும் கூட்டுறதுதான் தப்பு. எல்லாரும் சேர்ந்து கூட்டினா படகு நேராத்தான் இருக்கும். நான் ஒரு இழுப்பு முன்னாடியே போதும்னு சொல்லிடறேன். போதும்னதும் எல்லாரும் இன்னும் ஒண்ணு போட்டுட்டு நிறுத்துங்க."

ஏறினார்கள். "இழு! இழு! போதும்!" ஐந்து துடுப்பும் ஒன்றாக இன்னும் ஒரு முறை முங்கின. ஒன்றாக மேலே வந்தன. படகு நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. மறுபடியும் செய்தார்கள். நின்றது. ஆபீஸ்காரர்கள்தான் ஓரிரு தடவை மறந்தார்கள். அவர்களை அத்தை திரும்பிப் பார்த்து, "இன்னும் ஒண்ணு, தம்பி, கூச்சப்படாதீங்க," என்றாள், பந்தியில் சொல்வது போலவே.

"நாளைக்கு வரலாம்மா," என்றாள் கேப்டன் கரைக்கு வந்ததும்.

அத்தை புருஷனைப் பார்க்கவில்லை. துடுப்பைச் சுவரில் சாய்க்கப் போனவள், சாய்க்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

கேட்டுக்காரர் கிட்டே போனார். அவள் சட்டையின் தோளைப் பிடித்து, கேட்டில் கம்பியைச் சேர்த்துப் பற்றவைத்த இடத்தைச் சோதிப்பது போல ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். காது வரைக்கும் ஏறியது.

"இது லூசு."

"கழட்டத்தானே போறேன்?"

"நாளைக்கும் இப்படித்தானே மாட்டுவ? எவ்வளவு இறுக்கணும்னு பார்த்து வச்சுக்க." பக்கவாட்டு நாடாவைப் பிடித்து இழுத்தார். இன்னும் இழுத்தார்.

"போதும்ங்க."

இன்னும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் விட்டார்.

பிறகு கேப்டன் பக்கம் திரும்பி, "அந்த மூணாவது வளைவு, அதுக்குப் பக்கத்துல ரோடு வருதா?" என்று கேட்டார்.

"வருது ஐயா. மேலேர்ந்து பார்க்கலாம். வர்றீங்களா?"

"நான் எதுக்கு வர்றேன்? நனைஞ்சு வருவா. மாத்துத்துணி யார் கொண்டு வர்றது?"

வெளியே நடந்தார். கொட்டகைக்குப் பின்னால் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மறுபடி படகை இறக்கினார்கள் போலிருக்கிறது. "போதும்!" என்று கேட்டது. தொடர்ந்து ஐந்து துடுப்பும் தண்ணீரில் முங்குகிற சத்தம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குளம் நிற்கிற தண்ணீர், யார் எவ்வளவு போட்டாலும் வாங்கிக்கொள்ளும். ஆறு அப்படியா? கேப்டன் ஒரு இழுப்பு முன்னாடியே சொல்வாளாம். இருமல் வந்தால்? வாய்க்குள் தண்ணீர் போனால்? எந்த ஊர் நியாயம் இது? வாசல் கேட்டை எட்டியதும் நின்று விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். மட்டமான வேலை, உள்ளே காலி. எதிர்பார்த்ததுதான் என்று தலையை ஆட்டிக்கொண்டு, அதைத் தள்ளித் திறந்து, ரோட்டில் இறங்கி நடந்தார்.