பதினொரு மணிக்கு வீடு பார்க்க வருகிறார்கள்

...அதெல்லாம் சரி, வந்து நின்றதும் அவரை என்னவென்று கூப்பிடுவது, பத்தொன்பது வருஷம் ‘என்னங்க’ என்றே கூப்பிட்டாயிற்று, டீ ஆறிப்போகிறது என்பதும் மோட்டாரை நிறுத்துங்கள் என்பதும் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதும் அந்த ஒரே சொல்லுக்குள் இருந்தன, இழுக்கிற இழுப்பில்தான் வித்தியாசம். போன மாதம் கோர்ட்டிலிருந்து விவாகரத்துக் காகிதம் வந்தது. வீடு இரண்டு பேர் பெயரில் இருக்கிறது, விற்று ஆளுக்குப் பாதி என்று அதில் எழுதியிருக்கிறது, ‘என்னங்க’ யாருக்கு என்று எழுதவில்லை. போனில் என்றால் ‘ஹலோ’ போதும். நேரில்? ‘இதோ பாருங்க’ என்றால் சண்டைக்கு இழுப்பது போல இருக்கிறது. ‘சார்’ என்றால் நானே சிரித்துவிடுவேன். பேசாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன, கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒரு தரம்கூட வாயில் வராத பெயர், விட்ட பிறகா வரப்போகிறது...

மணி பத்தரை. இரண்டு தரம் கூட்டியாயிற்று, மூன்றாவது தரம் துடைப்பத்தை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன், ரொம்பச் சுத்தமாக இருந்தாலும் சந்தேகப்படுவார்கள் என்று தரகர் சொல்லியிருக்கிறார். தரகருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. நேற்று போனில், “மேடம், நான் வர முடியாது, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு காட்டிடுங்க. பிரிஞ்சவங்க வீடுன்னு மட்டும் தெரிய வேண்டாம், அவசரத்துல விக்கிறாங்கன்னு அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க. ஒரு மணி நேரம்தானே, சமாளிச்சுடுங்க” என்றார். ஒரு மணி நேரம் புருஷன் பெண்டாட்டியாக இருக்க வேண்டும். அத்தனை வருஷம் இருந்து பழகியதுதான், ஆனாலும் அவர் வீட்டை விட்டுப் போன இந்த எட்டு மாதத்தில் எல்லாம் மறந்துபோன மாதிரி இருக்கிறது. வெளியூரில் படிக்கிற மகள் காலையிலேயே செய்தி அனுப்பியிருக்கிறாள், ‘ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க’ என்று. அசடு. சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லவாவது சௌகரியமாக இருந்திருக்கும். அடித்தாரா, இல்லை. குடித்தாரா, இல்லை. பேசவில்லை, அவ்வளவுதான், வேலை விட்டு வந்து, சாப்பிட்டு, ரேடியோவைக் கழற்றி மாட்டி, தூங்கி... நானும்தான் ஒரு கட்டத்துக்கு மேல் கேட்பதை நிறுத்திவிட்டேன், கேட்டால் பதில் வராது என்று தெரிந்த பிறகு எதற்கு வாயைக் கொடுப்பது. இதை எந்த ஜட்ஜிடம் சொன்னாலும் ‘அப்புறம்?’ என்றுதான் பார்ப்பார்கள், அப்புறம் ஒன்றுமில்லை.

இன்று வியாழன். சனிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் நான் பார்த்துவைத்திருக்கும் ஃபிளாட் கைவிட்டுப் போய்விடும், இந்த வீடு விற்று என் பாதி வந்தால்தான் அதை எடுக்க முடியும், ஃபிளாட்டுக்கார அம்மாவுக்கு இன்னொருவர் தயாராக இருக்கிறாராம். மூன்றாவது மாடி, ஒரு அறை, ஒரு கூடம், கட்டிலைப் போட்டால் நடக்க ஒரு ஆள் அகலம்தான் மிஞ்சும், ஆனால் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு நேரே ஒரு ஜன்னல் இருக்கிறது. பல் செட் செய்கிற லேபில் நாள் முழுக்கக் குனிந்தபடி வெள்ளை அச்சுகளைப் பார்க்கிறேன், வீட்டுக்கு வந்தால் இந்தச் சமையலறையில் எதிரே சுவர். அங்கே நின்று கழுவினால் தலையை நிமிர்த்தலாம், பார்க்க எதிர்க் கட்டிடத்து மொட்டைமாடியில் காயும் துணிதான், இருக்கட்டுமே, துணியாவது ஆடுகிறது. போன வாரம் லேபில் ஒரு பெரியவருடைய கீழ்ப்பல் செட் ஆர்டர் சீட்டின் பின்பக்கம் அந்த ஃபிளாட்டை வரைந்து, கட்டில் இங்கே, மேஜை இங்கே, ஃப்ரிட்ஜ் இங்கே என்று போட்டுவைத்திருந்தேன், முதலாளி சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இவருக்கு வாயில ஃப்ரிட்ஜும் வைக்கணுமா?” என்று கேட்டார், லேபே சிரித்தது. எனக்கு நாற்பத்தேழு வயது. சுவருக்கு என்ன நிறம் என்று யாரையும் கேட்காமல் முடிவு செய்யப்போகிறேன் என்று நினைத்தாலே உள்ளங்கை வேர்க்கிறது. பயமா சந்தோஷமா, இந்த வயதில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது...

மணி அடிக்கிறது. இவ்வளவு சீக்கிரமா? திறந்தால் அவர். இத்தனை வருஷமும் சாவியால் திறந்துகொண்டு வந்தவர் இன்று மணி அடித்துவிட்டு, இரண்டு அடி பின்னால் தள்ளி, கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் மாதிரி நிற்கிறார். இஸ்திரி போட்ட சட்டை, மடிப்பு தோளில் கோணலாக விழுந்திருக்கிறது, தானே தேய்த்திருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக்கின் நகக்கண்ணில் எப்போதும் இருக்கும் கிரீஸ்கூட இன்று இல்லை, எவ்வளவு நேரம் சுரண்டினாரோ. “வரலாமா?” என்றார். வரலாமாவாம். வந்து உட்காரவில்லை, அறை அறையாக ஒரு சுற்று நடந்தார், பின்னறை வாசலில் நின்றார்.

“பீரோ இடம் மாறியிருக்கு.”

“ஆமா.”

“சுவத்து ஓதத்த மறைக்கவா?”

முந்தாநாள் சாயங்காலம் ஒற்றை ஆளாக அந்த பீரோவை நகர்த்தியதில் இடுப்பு இன்னும் வலிக்கிறது, இவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. இதற்கு முன் மூன்று பேர் வந்து போனார்கள், ஒருவர் காரை விட்டு இறங்கவே இல்லை, இன்னொருவர் சமையலறை சின்னது என்றார், மூன்றாமவர் நேராக அந்தச் சுவருக்குப் போய் விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். இன்னொரு தரம் அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

சரியாகப் பதினொன்றுக்கு வந்தவர்கள் ஓர் அக்காவும் தங்கையும். இரண்டு பேருக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிறந்ததிலிருந்து வாடகை வீடு, இதுவரை பதினோரு வீடு மாறியிருக்கிறார்களாம். அக்கா ஆஸ்பத்திரி நர்ஸ், தங்கை கணக்கு டீச்சர், இதைச் செருப்பைக் கழற்றும்போதே சொல்லி முடித்துவிட்டார்கள். டீச்சர் பையிலிருந்து டேப்பை எடுத்து வாசலிலிருந்து அளக்க ஆரம்பித்தாள், நர்ஸ் ஒவ்வொரு சுவராக இரண்டு விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். “அக்கா, அது சுவரு, மூச்ச இழுத்து விடச் சொல்லாத” என்றாள் தங்கை. “நீ அளந்துக்கிட்டே இரு, கடைசியில மார்க் போட்டுடு” என்றாள் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்தது, பக்கவாட்டில் பார்த்தால் அவரும் சிரிக்கிறார், சட்டென்று இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். மாடியைப் பார்க்க வேண்டும் என்றார்கள், சாவியைத் தேடினேன், பதற்றத்தில் கண் தெரியவில்லை, “என்னங்க, மாடி சாவி எங்க?” என்றேன். காலையிலிருந்து இதைத்தானே மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன், வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. “ஆணியிலதான் இருக்கு, காலண்டருக்குப் பின்னாடி” என்றார் அவர், ஒரு நொடிகூடத் தயங்காமல். நடிப்பு என்றுதான் இருவரும் நினைத்திருப்போம்... நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

பின்னறைக்கு வந்தோம். டீச்சர் அளந்து எழுதிக்கொண்டாள், “என் புஸ்தகம் எல்லாம் இங்க வச்சுக்கலாம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், நல்லது, நல்லது, அப்படியே வெளியே போய்விடுங்கள் அம்மா என்று நான் வேண்டிக்கொண்டிருக்கும்போதே, அவர் போய் பீரோவின் இரண்டு பக்கமும் கையைக் கொடுத்து, ஒரு தம் பிடித்து நகர்த்திவிட்டார். சுவரில் பச்சையும் கறுப்புமாகக் கறை, ஆள் உயரத்துக்கு. “மழை பெஞ்சா இந்த இடத்துல ஓதம் அடிக்கும். பாத்துக்குங்க” என்றார். போயிற்று. ஜன்னல் போயிற்று, மொட்டைமாடித் துணி போயிற்று, எல்லாம் போயிற்று. வேண்டுமென்றே செய்கிறாரா, நான் தனியாக ஒரு இடம் பார்த்துக்கொண்டேன் என்று மனசுக்குள் இவ்வளவு கோபம் இருந்ததா, வாழ்க்கை முழுக்க ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன், வாயைத் திறக்க இந்த நாள்தானா கிடைத்தது. அவர் பாட்டுக்கு, வெளிப்பக்கம் குழாய் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது, சுவரில் தப்பில்லை, சுரண்டி ஆறவிட்டுப் பூச வேண்டும் என்று நிதானமாக விளக்கிக்கொண்டிருக்கிறார். நர்ஸ் ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் பார்ப்பது போல.

“ஏன் சார் இத சொல்றீங்க? நாங்க கண்டுபிடிச்சிருக்கவே மாட்டோமே” என்றாள் டீச்சர்.

“லிஃப்ட் வேலைங்க எனக்கு. பழுத மறைச்சுட்டு ஆள ஏத்தக் கூடாது. ஞாயித்துக்கிழமை வந்து நானே சரி பண்ணிக் குடுத்துடறேன்.”

டீச்சர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, ஏதாவது பேச வேண்டுமே என்பதுபோல, “நீங்க ரெண்டு பேரும் எங்க போறீங்க? இத விடப் பெரிய வீடா?” என்று கேட்டாள். நான் அவரைப் பார்த்தேன். தரகர் சொன்னது அவருக்கும் தெரியும். கண்ணால் கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் சட்டை நுனியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, “ரெண்டு இடத்துக்குங்க” என்றார். நர்ஸ் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எத்தனை கட்டில்களின் பக்கத்தில் நின்றவளோ, ஒன்றும் கேட்கவில்லை. “காலையில வெயில் எந்தப் பக்கம் வரும்?” என்றாள். நானும் அவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம், ஒரே ஜன்னலுக்கு.

அவர்கள் மட்டும் மறுபடி மாடிக்குப் போனார்கள், தனியாகப் பேச வேண்டுமாம். மேலே காலடிச் சத்தமும் வாக்குவாதமும் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை. கீழே நாங்கள். “கெடுத்துட்டீங்க” என்றேன், கத்த வேண்டும் என்று நினைத்து மெதுவாகத்தான் வந்தது. அவர் நகர்த்திய பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். “பதினோரு வீடு மாறினவங்க. சொந்த வீடுன்னு வந்து முதல் மழையிலயே அழக் கூடாது” என்றார். அப்புறம், “இத எப்படித் தனியா நகத்தின? இடுப்பு என்ன ஆகும்?” என்றார். கோபமாக இருக்கும்போது இப்படிக் கேட்டால் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இறங்கி வந்தார்கள். “சின்னவளுக்குப் பிடிச்சிருக்கு” என்றாள் அக்கா. “பொய் சொல்றா, அவதான் வெயில் வர்ற ரூம இப்பவே எடுத்துக்கிட்டா” என்றாள் தங்கை. விலையில் ஒன்றும் குறைத்துப் பேசவில்லை, ஓதத்தையே திறந்து காட்டிவிட்டீர்கள், இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கப்போகிறது, நாளைக்கு வந்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம் என்று அக்கா சொன்னபோது தங்கை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள், ரொம்ப நேரம். போகும்போது நர்ஸ் என் தோளில் கையை வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போனாள், அவ்வளவுதான்.

தெரு முனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, உள்ளே ஓடி வந்து ஃபிளாட்டுக்கார அம்மாவுக்குப் போன் போட்டேன், “எடுத்துக்கறேங்க, ஆமா, நான்தான், நான் ஒருத்திதான், எடுத்துக்கறேன்” என்று சொல்லும்போதே சிரிப்பு, அந்த அம்மா சொன்னது பாதி காதில் விழவில்லை. வைத்துவிட்டுத் திரும்பினால் அவர் பீரோவை, நான் நகர்த்துவதற்கு முன்னால் இருந்த பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, கை கழுவி, வாசற்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறார். சந்தோஷத்தில் எல்லாரிடமும் நல்லவளாக இருக்கத் தோன்றுகிறது, “நீங்க எங்க பாத்திருக்கீங்க?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, இந்தக் கேள்வியை இதுவரை கேட்டதே இல்லை, எட்டு மாதமாகக் கம்பெனி கிடங்குக்கு மேலே இரண்டு பேரோடு ஓர் அறையில் இருக்கிறார் என்பதைக்கூட மகள் சொல்லித்தான் தெரியும்.

“இன்னும் பாக்கல.”

“ரெண்டு இடம்னு சொன்னீங்களே?”

“நீ ஒண்ணு பாத்துட்ட. இன்னொண்ணு எங்கயாவது இருக்கும்.” ஷூ நாடாவை இழுத்து முடிந்தார்.

“அப்ப எதுக்கு விக்கறதுக்கு உடனே சரின்னீங்க?”

வழக்கம்போல இதற்கும் பதில் வராது என்று நான் திரும்பப் போனேன். “அந்த ஃபிளாட்டப் பத்தி போன்ல சொன்னியே அன்னைக்கு,” என்றார் குனிந்தபடியே, “சமையல் ரூம்ல ஜன்னல் இருக்குன்ன. இப்ப பேசின பாரு, அதே குரல். நீ அப்படிப் பேசிக் கேட்டு எத்தன வருஷமாச்சு. அதான்.” எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குச் சிமென்டோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

கதவைச் சாத்தாமல் நிற்கிறேன். என் குரல் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது... அன்று நான் லேபிலிருந்துதான் பேசினேன், பக்கத்தில் மெஷின் சத்தம், ஜன்னல், மூன்றாவது மாடி, சனிக்கிழமை, வீட்டை உடனே விற்றுவிடலாம் என்று மூச்சு விடாமல் அடுக்கினேன், அந்தப் பக்கத்திலிருந்து ‘சரி’ என்று வந்தது, வந்ததும் வைத்துவிட்டேன், பார்த்தாயா, ஒரு வார்த்தை ‘ஏன்’ என்றுகூடக் கேட்கவில்லை என்று அன்று பூராவும் பொருமினேன். அந்த ‘சரி’யை அவர் எப்படிச் சொன்னார்? சட்டென்று சொன்னாரா, கொஞ்சம் நின்று சொன்னாரா, குரல் இறங்கியதா... மெஷின் சத்தம் நினைவிருக்கிறது, என் கையில் ஒட்டியிருந்த பல் அச்சு மாவு நினைவிருக்கிறது. அவர் குரல் மட்டும், எவ்வளவு யோசித்தும், வரமாட்டேன் என்கிறது.