ஐந்தரை மணி நேரம்

சந்தனா அந்தக் கேள்வியை முழுதாகப் படிக்கவில்லை. முதல் இரண்டு வரிகளில் ‘தேதி’, ‘நேரம்’, ‘தப்பாக வருகிறது’ என்ற சொற்கள் கண்ணில் பட்டன. அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ‘இதற்கு ஏற்கெனவே பதில் இருக்கிறது, கீழே பார்க்கவும்’ என்று ஒரு பழைய பதிலின் சுட்டியை ஒட்டினாள், கேள்வியை மூடினாள், ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஆபீஸ் மீட்டிங்குக்குள் போனாள். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி.

பைத்தான் என்ற கணினி மொழியில் இணையதளம் கட்டுகிறவர்கள் பலர் ஜாங்கோ என்ற சட்டகத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதில் எங்கேயாவது மாட்டிக்கொண்டு முழிக்கிற தமிழ்க்காரர்களுக்கென்று இணையத்தில் ஓர் உதவிக் களம் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் அதைத் தொடங்கிய மூவரில் சந்தனா ஒருத்தி. அன்றைக்கு நாற்பது பேர் இருந்தார்கள். ஒரு கேள்வி வந்தால் மூன்று பேரும் போட்டி போட்டுக்கொண்டு பதில் எழுதுவார்கள். இன்றைக்குப் பதினோராயிரம் பேர். மூவரில் ஒருவர் சத்தமில்லாமல் காணாமல் போய்விட்டார். திருப்பூரில் இருக்கிற இளவரசனும், ஆரணியில் இருக்கிற சந்தனாவும்தான் பாக்கி.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறாள் அவள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் கேட்காமல் இருக்க மாடி அறையில் உட்கார்ந்து, பேசும்போது மட்டும் மைக்கைத் திறப்பாள். ஆபீஸ் வேலைக்கு நடுவில் கிடைக்கிற பத்துப் பத்து நிமிஷங்களில் களத்தைப் பார்ப்பாள். ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும். திரையை ஃபோனில் சாய்வாகப் படம் பிடித்துப் போட்டு ‘எர்ரர் வருது, அவசரம்’ என்பார்கள். என்ன எர்ரர் என்று கேட்டால் அதற்குப் பதில் வராது. பதில் சொன்னால் நன்றி வராது. ஒரு காலத்தில் இதற்கெல்லாம் கோபம் வந்தது. இப்போது கோபம்கூட வருவதில்லை. கதவைத் தட்டுகிறவர்களை எழுந்து போய்ப் பார்க்காமல் உள்ளிருந்தபடியே ‘அடுத்த வீடு’ என்று சொல்லி அனுப்புகிற மாதிரி, சுட்டியை ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அந்தத் தேதிக் கேள்வியைக் கேட்ட ஆள் ஒரு வரி எழுதியிருந்தார். ‘மிக்க நன்றி, நீங்கள் சொன்னபடி மாற்றினேன்.’ சந்தனா அதையும் மேலோட்டமாகத்தான் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அதே ஆள் மறுபடியும் எழுதியிருந்தார். இந்த முறை நீளமாக.

‘வணக்கம். என் பெயர் இராஜமாணிக்கம். பெரணமல்லூர் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் மையத்தில் டெக்னீசியன். எனக்கு புரோகிராமிங் தெரியாது. இதைச் செய்து கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். செவ்வாய்க்கிழமை உங்கள் பதிலைப் பார்த்து ஒரு வரியை மாற்றினேன். புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு ஆறு மெஷினுக்குப் பன்னிரண்டு நோயாளிகள் வந்துவிட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு வர வேண்டியவர்கள் காலையிலேயே வந்து நின்றார்கள். ஒருவர் டயாலிசிஸ் செய்துகொள்ளாமலே திரும்பிப் போய், மறுநாள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார். வியாழன் முதல் நோட்டுப் புத்தகத்தை வைத்து நடத்துகிறோம். நான் எங்கே தப்பு செய்தேன் என்று யாராவது சொல்ல முடியுமா?’

சந்தனா கைவேலையை அப்படியே விட்டாள். செவ்வாய்க்கிழமைக் கேள்வியைத் தேடி எடுத்து, இப்போது முதல் எழுத்திலிருந்து படித்தாள். நான்காவது வரியில் அவர் தெளிவாக எழுதியிருந்தார். நோயாளிகளின் தேதியும் நேரமும் சரியாகவே இருக்கின்றன. விடிகாலை நாலரை மணிக்கு ‘இன்றைய பட்டியல்’ என்பதைத் திறந்தால் மட்டும் நேற்றைய பட்டியல் வருகிறது. ஐந்தரைக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது.

படித்தவுடனேயே விஷயம் புரிந்துவிட்டது. ஜாங்கோ நேரத்தை உள்ளே கிரீன்விச் கணக்கில்தான் வைத்துக்கொள்ளும். காட்டும்போது ஐந்தரை மணி நேரம் கூட்டி நம் நேரமாகக் காட்டும். ‘இன்றைக்கு என்ன தேதி’ என்று கேட்கிற ஓர் இடத்தில் மட்டும், எழுதியவர் உள்ளூர் தேதியைக் கேட்காமல் கிரீன்விச் தேதியைக் கேட்டிருக்கிறார். நமக்கு விடிந்து ஐந்தரை ஆகிறவரை அங்கே நேற்றுதான். அந்த ஓர் இடத்தைத் திருத்தியிருந்தால் முடிந்திருக்கும். சந்தனா காட்டிய பழைய பதிலோ, நேர மண்டலத்தைக் கவனிக்கிற செட்டிங்கையே அணைத்துவிடச் சொன்னது. அணைத்ததும் பட்டியல் சரியாகிவிட்டது. ஆனால் ஏற்கெனவே பதிவாகியிருந்த அத்தனை நேரமும் ஐந்தரை மணி நேரம் குறைந்துவிட்டது. பத்தரை மணிக்காரர்களுக்கு ஐந்து மணிக்கு வரச்சொல்லித் தானாகவே மெசேஜ் போனது. நாலு மணிக்காரர்களுக்குப் பத்தரை என்று போனது. விடிகாலை ஐந்து மணிக்காரர்கள் முந்தின நாள் கணக்கில் விழுந்து, பட்டியலிலேயே இல்லாமல் போனார்கள்.

இப்படி ஒரு பதிலை எந்த மடையன் எழுதினான் என்று சுட்டியைத் திறந்தாள். எழுதியவர் பெயர் சந்தனா என்றிருந்தது.

எட்டு வருஷத்துக்கு முந்தைய பதில். அதை எழுதிய இடம்கூட ஞாபகம் வந்தது. வேலூர் பஸ் ஸ்டாண்டில், வண்டிக்குக் காத்திருந்தபோது ஃபோனில் எழுதியது. அப்போது அவள் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னத் தளத்தில் பழைய பதிவு எதுவும் கிடையாது. அதனால் அவளுக்கு அது வேலை செய்தது. மூன்றே வரிப் பதில். அதற்குக் கீழே இருநூற்றுப் பதினான்கு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள்.

இளவரசனுக்கு ஃபோன் செய்தாள்.

“பாத்தேன் மேடம்,” என்றான் அவன். “பேக்கப் எடுக்காம யாராவது லைவ்ல கை வைப்பாங்களா? நாம இனாமா பதில் சொல்றோம். ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் நடத்துறவங்க அதுக்குன்னு ஒரு ஆள் வெச்சிருக்கணும். நீங்க மனசுல போட்டுக்காதீங்க. அந்தப் பதிலைத் தூக்கிடுவோம், சத்தமில்லாம போயிடும்.”

“தூக்க வேணாம். தப்புன்னு நானே அதுல எழுதுறேன்,” என்றாள் சந்தனா. “அந்த டெக்னீசியன் களத்துல பதிஞ்ச நம்பர் மட்டும் எனக்கு வேணும்.”

இராஜமாணிக்கம் முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் ஏதோ ஒரு மெஷின் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

“சொல்லுங்க மேடம். நான் இன்னா தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லிடுங்க. அப்புறம் நான் அந்தப் பொட்டி பக்கமே போகமாட்டேன்.”

“நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலைங்க. அந்தப் பதில்தான் தப்பு. அத எழுதுனது நான். உங்க கேள்வியச் சரியா படிக்காம அத எடுத்துக் குடுத்ததும் நான்தான்.”

மெஷின் சத்தம் நின்றது. யாரோ அதை அணைத்திருக்க வேண்டும்.

“நீங்களா?” என்றார். “அதுல இருநூறு பேருக்கு மேல நன்றின்னு போட்டிருந்தாங்களே.”

“ஆமாங்க.”

“அதப் பாத்துதான் மேடம் நம்பினேன்.”

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சந்தனாவுக்கு. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். தேவிகாபுரத்துக்காரர், பச்சையப்பன் என்று பேர், அறுபது வயசு என்றார் இராஜமாணிக்கம். ஐந்து மணிக் கூட்டத்தில் தன் இடத்தை ஒரு பொம்பளைக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். நாலு மணிக்கு வாங்க என்று சொல்லி அனுப்பினார்கள், அவர் வரவில்லை. வியாழக்கிழமை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போய், அங்கேயே டயாலிசிஸ் செய்து, ராத்திரி முழுக்க வைத்திருந்து அனுப்பியிருக்கிறார்கள். “இப்ப பரவால்ல. நாளைக்கு அவர் முறை. வருவாருன்னு பாத்துகினு இருக்கேன்.”

ஃபோனிலேயே அந்த ஒரு வரியைப் பழையபடி மாற்ற வைத்தாள். ஆனால் அதோடு முடியவில்லை. செட்டிங் அணைந்திருந்த நாட்களில் புதிதாகப் போட்ட பதிவுகள் இப்போது ஐந்தரை மணி நேரம் கூடிப் போயிருக்கும். எவை எவை என்று நோட்டுப் புத்தகத்தை வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும்.

“நாளைக்கு நானே வரேங்க,” என்றாள்.

அன்று இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தை ஒழித்துக்கொண்டிருக்கும்போது அவள் கணவன் நேமிகுமார் கேட்டான். “ஃபோன்லயே சொல்லிட முடியாதா? சனி, ஞாயிறுதான் உனக்கு லீவு. மூஞ்சியப் பாரு, தூங்கி எவ்ளோ நாள் ஆச்சோ.”

“ஃபோன்ல சொல்லித்தான் இந்த நிலைமை,” என்றாள்.

சனிக்கிழமை காலை பெரணமல்லூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் களத்திலிருந்து ஃபோன் சிணுங்கிக்கொண்டே வந்தது. எடுத்துப் பார்க்கவில்லை.

மையம் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் பாதியில் இருந்தது. உள்ளே ஆறு சாய்வு நாற்காலிகள், ஆறு மெஷின்கள், பினாயில் வாசனை. இராஜமாணிக்கம் ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். கண்ணுக்குக் கீழே கருவளையம். “டீ சொல்லட்டுங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியைத் தள்ளிப் போட்டார்.

முதலில் அந்தப் பட்டியல் கோளாறைத் திருத்தினாள். ஒரே சொல். கிரீன்விச் தேதியைக் கேட்ட இடத்தில் உள்ளூர் தேதியைக் கேட்க வைத்தாள். கணினிக் கடிகாரத்தைக் காலை நாலரைக்குத் தள்ளி வைத்துத் திறந்து காட்டினாள். பட்டியல் சரியாக வந்தது.

இராஜமாணிக்கம் குனிந்து பட்டியலைப் படித்தார். “இவ்ளோதானா?”

“இவ்ளோதாங்க.”

“மூணு மாசமா விடிகாலையில இதோட பேஜார் மேடம். தினம் நாலரைக்கு வந்து, அஞ்சரை வரைக்கும் நேத்து லிஸ்ட்டையும் நோட்டையும் மாத்தி மாத்திப் பாத்துகினு. ஒருத்தருக்குப் போட வேண்டிய ஊசிய இன்னொருத்தருக்குப் போட்டுடுவனோன்னு பயம். அதான் கேட்டேன்.”

அவள் தலையாட்டினாள். பிறகு முப்பத்தெட்டு பதிவுகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார்கள். அவர் நோட்டைப் பார்த்துப் பெயரையும் நேரத்தையும் படிப்பார், அவள் திருத்துவாள், அவர் எட்டிப் பார்த்து ‘சரி’ என்பார். நடுவில் மெஷின் கத்தினால் எழுந்து ஓடுவார். அவர் வருகிறவரை அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றைக்கூட அவர் இல்லாமல் தொடவில்லை. மதியம் ஒரு மணி ஆகிவிட்டது.

கடைசி நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து இராஜமாணிக்கம், “அவர்தான் பச்சையப்பன். இன்னிக்கு லேட்டாதான் ஏத்துனோம்,” என்றார்.

வீங்கிய முகம். கையில் இரண்டு குழாய்கள். கால்மாட்டில் மடித்து வைத்த துண்டு. சந்தனா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“இவங்கதான் கம்ப்யூட்டரச் சரி பண்ண வந்தவங்க,” என்றார் இராஜமாணிக்கம்.

“நல்லதும்மா,” என்றார் பச்சையப்பன்.

“ஐயா, புதன்கிழமை உங்களுக்கு ஆனதுக்கு நான்தான் காரணம். நான் குடுத்த தப்பான யோசனையாலதான் நேரமெல்லாம் மாறிப்போச்சு.” வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள்தான்.

அவர் அவளைப் பார்த்தார். புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

“நாலு மணிக்கு வரச் சொன்னாங்கம்மா. நான்தான் வரல. இன்னொரு வாட்டி பஸ் ஏற முடியல. சலிப்பா இருந்துச்சு. ஒரு நாள் இல்லாட்டி இன்னா ஆயிடப்போவுதுன்னு படுத்துகினேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “வாரத்துக்கு ரெண்டு வாட்டி, நாலு வருஷமா வந்துகினு இருக்கேன். உனக்குத் தெரியுமா, ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணிதான். மோரு, கொழம்பு எல்லாம் சேத்து. நீ படிச்ச பொண்ணு. கூட அரை டம்ளர் குடிக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றியா? நான் கேட்டா திட்றாரு.”

“அதெல்லாம் கூடாது பெரியவரே,” என்று இராஜமாணிக்கம் மெஷினைப் பார்த்தபடியே சொன்னார்.

“இவரும் அதான் சொல்றாரு,” என்று பச்சையப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

கிளம்பும்போது இராஜமாணிக்கம் ரோடு வரை வந்தார். “கோவம் வந்துச்சு மேடம். இல்லன்னு சொல்லமாட்டேன்,” என்றார். “வியாழக்கிழமை அவரு வீட்டுக்காரம்மா ஃபோன் பண்ணி அழுதப்ப, உங்க ஆளுங்க எவனாவது எதிர்ல வந்திருந்தா அடிச்சிருப்பேன். அப்புறம் யோசிச்சேன். நானும் ஒரு வரியத்தான படிச்சேன், அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்குதுன்னு பாக்கல.”

“கீழ ஒண்ணும் எழுதலைங்க,” என்றாள் சந்தனா. “மூணு வரிதான் அது.”

பஸ் வந்துவிட்டது. அவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பழைய பதிலின் தலையில், ‘இது தவறு. இதை எழுதியவள் நான். இதனால் ஒரு நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. பின்பற்ற வேண்டாம்’ என்று எழுதி, சரியான வழியை விளக்கமாகக் கீழே போட்டாள். பத்து நிமிஷத்தில் ஒருவர் வந்து, ‘எனக்கு இது நல்லா வேலை செஞ்சுது, ஏன் குழப்புறீங்க?’ என்று கேட்டார். அவருக்கு ஏன் வேலை செய்தது, எப்போது செய்யாது என்று பொறுமையாக எழுதினாள். அதற்கு அரை மணி ஆனது.

பிறகு நன்றி சொன்ன இருநூற்றுப் பதினான்கு பேரின் பெயர்களையும் எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பத் தொடங்கினாள். இளவரசன் கேள்விப்பட்டு, “பாதிப்பேர் அக்கவுன்ட்டே உயிரோட இருக்காது மேடம், எதுக்கு இந்த வேலை?” என்றான். பிறகு அவனே கடைசிப் பக்கத்திலிருந்து எழுபது பேரை எடுத்துக்கொண்டான்.

ஒரு வாரம் ஆனது. பெரும்பாலும் பதில் இல்லை. சிலர் ஜாங்கோவையே விட்டுவிட்டார்கள். ஒருவர் இறந்துபோயிருந்தார், அவருடைய தம்பி பதில் எழுதினார். இரண்டு பேருடைய தளம் இன்னும் அதே செட்டிங்கோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று பள்ளிக்கூட வேனுக்கு, இன்னொன்று ஒரு ஸ்கேன் சென்டருக்கு. அவர்களோடு உட்கார்ந்து சரி செய்ய இரண்டு சாயங்காலங்கள் போயின. அந்த வாரம் களத்தில் வந்த புதுக் கேள்விகளில் அவள் பன்னிரண்டுக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. முன்பெல்லாம் ஒரே நாளில் அத்தனை முடிப்பாள். பன்னிரண்டையும் கடைசி வரி வரை படித்திருந்தாள்.

கழுத்து விட்டுப்போகிற மாதிரி வலித்தது. எண்பத்தாறாவது ஆளிடமிருந்து பதில் வந்திருந்தது. ‘நீங்க யாரு? எந்தப் பதிலைச் சொல்றீங்க?’

சந்தனா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து எழுதத் தொடங்கினாள்.